தொல்லியல் ஆணையாளர்களும் அவர்கள் கற்ற கல்வியும்

பேராசிரியர் செனரத் பரணவிதானவின் பெயரை நம்மவர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். கோபம் வந்தால் அவர் தமிழர் வரலாற்றை மறைத்தவர். சான்று தேவைப்பட்டால் "பரணவிதானவே எழுதியிருக்கிறார்" என்பார்கள். ஒரே கட்டுரையில் இவ்விரண்டும் வந்ததைப் பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் நானே கண்டிருக்கிறேன். அவர் எங்கே கற்றார், எந்தப் பயிற்சியோடு அந்தப் பதவிக்கு வந்தார் என்று கேட்டவர்கள் குறைவு. அவரை மட்டுமன்றி இலங்கைத் தொல்லியல் திணைக்களத்தின் தலைமைப் பதவியில் இருந்த ஏனையோரையும் அவர்கள் கற்ற கல்வியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், இத்தீவின் பழமை ஏன் இன்ன வடிவில் நம் கைக்கு வந்தது என்பது ஓரளவு விளங்குகிறது.

1890ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு இந்நிறுவனத்தைத் தொடக்கியபோது முதல் ஆணையாளராக வந்தவர் எச்.சி.பி. பெல். அவர் தொல்லியலாளராகப் பயிற்றப்பட்டவரல்லர். 1873இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த நிருவாகி. ஒரு நல்ல நிருவாகி செய்யக்கூடியதையே அவர் செய்தார். காட்டை வெட்டினார், அளந்தார், பதிந்தார், ஆண்டறிக்கை எழுதினார். 1892இல் வெளிவந்த அவரது கேகாலை மாவட்ட அறிக்கையை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். 1912இல் ஓய்வுபெற்ற பின்னரும் ஓயாமல் மாலைதீவின் வரலாற்றில் இறங்கினார். அந்த ஆய்வு நூலாக வெளிவந்தது 1940இல். அவர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பின்னர்.

பெல்லின் காலத்தில் கல்வெட்டு வாசிப்புப் பணி தொன் மார்ட்டினோ டி சில்வா விக்கிரமசிங்கவிடம் ஒப்படைக்கப்பட்டது. 'எபிகிராபியா செய்லனிக்கா' என்னும் கல்வெட்டுத் தொகுதியை 1904இல் தொடக்கிய பதிப்பாசிரியர் அவரே. இந்தச் சிங்கள அறிஞர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், ஆங்கிலேயருக்காகத் தமிழ் இலக்கண நூல் எழுதியவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பொலன்னறுவையிலுள்ள வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டை அத்தொகுதியில் பதிப்பித்தவரும் அவரே.

பெல்லுக்குப் பின் வந்த எட்வேர்ட் அயர்ட்டன் எகிப்தில் அரசர் பள்ளத்தாக்கில் அகழ்ந்து பெயர் பெற்றவர். இலங்கையில் அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 1914 மே மாதத்தில் திஸ்ஸமகாராமையின் குளத்தில் மூழ்கி இறந்துபோனார்.

1921இல் பதவியேற்ற ஏ.எம். ஹோகார்ட் வேறொரு வார்ப்பு. ஒக்ஸ்போர்டில் கற்றவர், பசுபிக் தீவுகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர், பீஜியில் பாடசாலைத் தலைமையாசிரியராக இருந்தவர். இலங்கைக்கென்று சமஸ்கிருதம், பாளி, சிங்களம், தமிழ் ஆகியவற்றைப் படித்துக்கொண்டு வந்தார். (பிற்காலத்தில் இப்பதவிக்கு வந்தவர்களுக்குத் தமிழ் ஒரு தகுதியாகக் கேட்கப்பட்டதா என்று கேட்டு எவரையும் சங்கடப்படுத்த நான் விரும்பவில்லை.) மாந்தையில் அகழ்வு நடத்தினார். ஆனால் அவரது மனம் இடிந்த கட்டடங்களைவிட உயிரோடிருந்த சடங்குகளிலேயே தோய்ந்தது. கண்டித் தலதா மாளிகை பற்றிய அவரது நூலும், அரசபதவி பற்றி 1927இல் வெளியிட்ட நூலும் அதற்குச் சாட்சி. 1929இல் பதவியை விட்டார். பின்னர் கெய்ரோவில் சமூகவியல் பேராசிரியராக இருந்து 1939இல் காலமானார்.

அடுத்து இந்தியத் தொல்லியல் துறையிலிருந்து, நாகார்ஜுனகொண்டாவை அகழ்ந்த லோங்ஹேர்ஸ்ட் வந்தார். அவருக்குப் பின் 1940 முதல் 1956 வரை பரணவிதானவின் காலம். அவரைப் பற்றிச் சொல்லவேண்டியது அதிகம் என்பதால், அவருக்குப் பின் வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சார்ள்ஸ் கொடகும்புர இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்ற இலக்கிய அறிஞர். சிங்கள மொழியிலுள்ள திராவிடக் கூறு பற்றி 1946இலேயே கட்டுரை எழுதியவர். அவருக்குப் பின் வந்த ராஜா டி சில்வா இரசாயனவியலாளர். 1967 ஒக்டோபரில் சிகிரியா ஓவியங்கள்மீது எவரோ பச்சை வர்ணத்தை வீசிப் பாழாக்கியபோது, தலைமைப் பதவியில் ஓர் இரசாயனவியலாளர் இருந்தது இத்தீவின் அதிர்ஷ்டம். 1992 முதல் 2001 வரை பணிப்பாளர் நாயகமாக இருந்த சிரான் தெரணியகல கேம்பிரிஜிலும் ஹார்வார்டிலும் கற்றவர். மண்ணடுக்கையும் கரிமக் காலக்கணிப்பையும் நம்பியவர். அநுராதபுர அகநகரில் அவர் தொடக்கிய அகழ்வுகளே, இத்தீவில் எழுத்தின் தொடக்கம் பற்றிய பழைய கணிப்பை மறுபரிசீலனைக்கு உட்படுத்தின. அவர் 2021இல் காலமானார்.

இனிப் பரணவிதான. 1896இல் காலிக்கு அண்மையில் பிறந்து, பாடசாலை ஆசிரியராகத் தொழில் தொடங்கியவர். 1923இல் திணைக்களத்தில் சேர்ந்ததும் கல்வெட்டியல் பயில அவரை அனுப்பிய இடம் உதகமண்டலம். அங்கேதான் இந்திய அரசின் கல்வெட்டு அலுவலகம் இருந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் மைப்படிகள் அடுக்கடுக்காகக் குவிந்திருந்த இடம் அது. ஓர் எழுத்தைக் கண்டால் அதை மைப்படியாக்கு, மற்றவருக்குக் காட்டு, பின்னர் பொருள் சொல் என்பதே அத்துறையின் ஒழுக்கம். 1936இல் ஹொலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இலங்கையர் ஒருவர் ஆணையாளராக நிரந்தர நியமனம் பெற்றது அவரோடுதான் தொடங்கிற்று.

அந்த ஒழுக்கத்தின் உச்சம் 1956இல் வெளிவந்த 'சிகிரி கிராபிற்றி'. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் மக்கள் கீறிவைத்த 685 பாடல்களை எழுத்தெழுத்தாக வாசித்து இரண்டு பெருந்தொகுதிகளாகத் தந்தார். ஒரு மனிதரின் வாழ்நாளுக்கு அது ஒன்றே போதும்.

ஓய்வுபெற்றுப் பேராதனையில் ஆய்வுப் பேராசிரியரான பின்னரே சிக்கல் தொடங்கியது. முன்னரே வாசித்து வெளியிட்ட கல்வெட்டுகளின் வரிகளுக்கிடையில், மிக நுண்ணிய எழுத்தில், வேறொரு வரலாறு பிற்காலத்தில் பொறிக்கப்பட்டிருப்பதாக அவர் சொல்லத் தொடங்கினார். இலங்கைக்கும் மலாய் உலகுக்கும் இடையிலான அரச உறவுகள் அவ்வெழுத்துகளிலிருந்து வெளிப்பட்டன. 1966இல் 'சிலோனும் மலேசியாவும்' என்னும் நூல் அவற்றை ஆதாரமாகக் கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளும் அந்த நூலில் சாவக வழியினராயினர். எனவே இது நமக்கும் நேரடியாகத் தொடர்புள்ள விடயமே.

அவ்வெழுத்துகள் வேறு எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. நாட்டின் முதல் கல்வெட்டியலாளர், திணைக்களத்தின் முன்னாள் தலைவர், இளம் விரிவுரையாளர்கள் பலரும் ஆசானாக மதித்தவர். அவர் கண்டேன் என்கிறார், அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த இக்கட்டை எண்ணிப் பாருங்கள். பேசாதிருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் 1967இல் லெஸ்லி குணவர்தன பல்கலைக்கழக ஆய்விதழில் அந்நூலின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அதே ஆண்டில் கா. இந்திரபாலா அரச ஆசியக் கழகத்தின் இதழில் அந்நூலை விமர்சித்தார். ஒருவர் சிங்களவர், மற்றவர் தமிழர். இருவரும் முப்பது வயதைச் சுற்றியிருந்தவர்கள். இருவரும் வசை பாடவில்லை. சான்றைக் காட்டுங்கள் என்றே கேட்டார்கள். உதகமண்டலத்தில் பரணவிதான கற்ற அதே ஒழுக்கத்தை அவருக்கே திருப்பிக் காட்டினார்கள். இலங்கையின் கல்வியுலகம் அதைவிடத் துணிவோடு நடந்துகொண்ட சந்தர்ப்பம் வேறொன்றை என்னால் எளிதில் சொல்ல இயலவில்லை.

பரணவிதான தம் கருத்தை மாற்றவில்லை. 1970இல் ஆதிப் பிராமிக் கல்வெட்டுகளின் பெருந்தொகுதியை வெளியிட்டார். அது இன்றும் அடிப்படை நூல். வரியிடை எழுத்துகளைக் கொண்டே சிகிரியாவின் கதையை எழுதிய நூல் 1972இல் வந்தது. அதை இன்று வரலாறாக எடுத்துக்கொள்வார் அரிது. ஒரே கை, ஏறத்தாழ ஒரே காலம். அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். இந்திரபாலாவோ, தமிழ்க் குடியேற்றம் பற்றி 1965இல் தமது ஆய்வேட்டில் எழுதியதைப் புதிய அகழ்வுச் சான்றுகள் வந்தபின் தாமே திருத்தி 2005இல் நூலாக்கினார். நம்மவர்கள் சிலர் இன்னமும் அந்தப் பழைய ஆய்வேட்டுக்காக அவரை ஏசுகிறார்கள்.

அநுராதபுரத்தில் ஒரு பாறை உண்டு. அதன்மேல் இருந்த மேடையைத் தமெட இல்லறத்தாருக்குரியது என்றும், தமெட சமணன் என்பவன் அதைச் செய்வித்தான் என்றும் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமி எழுத்துகள் கூறுகின்றன. ஆசனங்களுக்கு உரியவர்களின் பெயர்களும் உண்டு. அவர்களில் ஒருவன் நாவிகன், அதாவது கப்பலோட்டி. 'தமெட' என்றால் தமிழர். அநுராதபுரத்தில் தமிழர் பழமைக்கு நாம் மேடைதோறும் எடுத்துக்காட்டும் கல்வெட்டு இதுதான். ஆணையாளர் பதவியை ஏற்ற 1940ஆம் ஆண்டில், 'தமிழ் இல்லறத்தார் மேடை' என்றே தலைப்பிட்டு, அரச ஆசியக் கழக இதழில் அதைப் பற்றி எழுதியவர் பரணவிதான. அந்த எழுத்துகளை எவரும் போய்ப் பார்க்கலாம்.