குணகிரியைக் காத்த கருப்பணசாமி

போடிநாயக்கனூரிலிருந்து மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே தேவாரம், கோம்பை வழியாகப் போனால் உத்தமபாளையம் வரும். வலப்பக்கம் ஏலமலைகளின் சரிவு விடாமல் கூடவே வரும். உத்தமபாளையத்தில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. அதன் முகப்பில் இரண்டு வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றோடு வட்டெழுத்துகளும் உண்டு. அந்த எழுத்துகளில் இதன் பெயர் திருக்குணகிரி. ஊர்க்காரர்களுக்கு இது கருப்பணசாமி பாறை. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர் புத்தர் பாறை என்கிறார்கள். மூன்று பெயரில் முதல் பெயரைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே சொல்கிறார்கள். மூன்றாவது பெயர் பிழை. நடுவில் உள்ள பெயரைத்தான் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட நாட்டார் வழிபாடு என்று. அந்த ஒரு வரி நியாயமானது அல்ல. சமணர் விட்டுப்போன பாறை ஆயிரம் ஆண்டு கழித்தும் நம் கண்ணுக்குக் கிடைக்கிறதென்றால், அதில் கருப்பணசாமிக்கும் அவரைக் கும்பிட்டவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

முதலில் புத்தர் விஷயத்தைத் தீர்த்துவிடலாம். சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, கண் தாழ்த்தி அமர்ந்த உருவத்தைப் பார்த்தால் புத்தர் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தலைக்கு மேல் முக்குடை, நின்ற உருவங்களில் ஆடையற்ற உடல், பார்சுவநாதருக்குக் குடைபிடிக்கும் படமெடுத்த நாகம், இவையெல்லாம் சமண அடையாளங்கள். இந்தக் குழப்பம் பாமரரோடு நின்றதும் அல்ல. 1882-இல் ராபர்ட் சீவல் மாங்குளத்துக் குகை எழுத்துகளைக் கண்ட பிறகு, பாண்டிய நாட்டுக் குகைகளை முதலில் ஆராய்ந்த அறிஞர்களும் இவை பௌத்தப் பிக்குகளின் இருப்பிடமாக இருக்கும் என்றே எண்ணினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. அசோகரின் பாறைக் கட்டளைகள் சோழரையும் பாண்டியரையும் குறிப்பிடுகின்றன. இலங்கையில் மிகிந்தலையிலும் தம்புள்ளையிலும் இதே மாதிரி நெற்றியில் நீர் வடிய விளிம்பு வெட்டிய குகைகள், இதே மாதிரி பிராமி எழுத்தில் கொடைச் செய்திகள். அங்கே இருப்பது பௌத்தம் என்றால் இங்கே இருப்பதும் அதுதானே என்று நினைத்தார்கள். 1924-இல் கே.வி.சுப்பிரமணிய ஐயர் இவற்றின் மொழி தமிழ் என்று காட்டினார். பிறகு ஐராவதம் மகாதேவன் பல பத்தாண்டு உழைப்பில் படித்துத் திருத்தி 2003-இல் தொகுத்து வெளியிட்டார். நாற்றிசைச் சங்கத்துக்குக் கொடுத்தது என்று இலங்கைக் குகைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம் இங்கே இல்லை. புகளூரில் துறவியை அமணன் என்றே எழுதியிருக்கிறார்கள். உத்தமபாளையத்து எழுத்துகள் அந்தப் பழைய குகை எழுத்துகளுக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அவற்றில் ஐயத்துக்கே இடமில்லை, ஏனென்றால் அங்கே அச்சணந்தியின் பெயர் இருக்கிறது.

அச்சணந்தி யார் என்பதில்தான் இந்தப் பாறையின் வரலாறு அடங்கியிருக்கிறது. அவர் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணத் துறவி. மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, நெல்லைப் பக்கம் ஏர்வாடி, குமரிப் பக்கம் சிதறால், வடக்கே வள்ளிமலை, மேற்கே பழனிக்கு அருகில் ஐவர்மலை என்று அவர் பெயர் பரவிக் கிடக்கிறது. மதுரைச் சமணர்மலையில் அவருடைய தாய் குணமதியார் செய்வித்த உருவமும் இருக்கிறது. துறவியின் தாய்க்கும் பாறையில் பெயர் பொறித்த சமூகம் அது. ஐவர்மலைக் கல்வெட்டு ஒன்றில் சக ஆண்டு 792 என்று குறித்திருக்கிறார்கள். அது கி.பி. 870, பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு. சாந்திவீரக்குரவர் அங்கிருந்த பார்சுவ பட்டாரரையும் இயக்கிகளையும் புதுக்கிய செய்தி அதில் வருகிறது. பாண்டியர் காலக்கணக்கை நிறுத்துவதற்கே அந்த ஒரு கல்வெட்டு ஆணிவேராக இருக்கிறது. உத்தமபாளையத்தில் பாண்டியன் சடையன் மாறன் காலத்து வட்டெழுத்தில், குணகிரித் தேவருக்கு விளக்கெரிக்கக் காசு கொடுத்த செய்தி இருக்கிறது. ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இந்தக் கம்பம் பள்ளத்தாக்கு உயிருள்ள சமணத் தலம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் வாதில் வென்றதும் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதும் நம் நினைவில் அழுத்தமாகப் பதிந்த கதை. ஆனால் பாண்டிய நாட்டுப் பாறைகளில் இன்று நாம் காணும் சமண உருவங்களில் பெரும்பகுதி அதற்கு இருநூறு ஆண்டு கழித்துச் செதுக்கப்பட்டவை. உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு, பாண்டியன் இரண்டாம் இராசசிம்மன் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடுத்தது. பிராமணர்க்கு ஊர் அளித்த அந்தச் செப்பேடே, அரசன் எண்ணற்ற பிரமதேயங்களோடும் தேவதானங்களோடும் எண்ணற்ற பள்ளிச்சந்தங்களையும் கொடுத்தான் என்று பெருமையாகச் சொல்கிறது. பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். ஆகவே குணகிரியின் சமணம் ஒரே நாளில் வாளால் முடிந்த ஒன்றல்ல. கொடை கொடுத்த வணிகரும் ஊராரும் மெல்ல வேறு பக்கம் திரும்பினார்கள். பள்ளிகள் ஆளின்றிப் போயின. விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஒருவரும் இல்லாத நாள் வந்தது. கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. கும்பிட ஆளில்லாத ஒரு பாறைக்கு, குடியிருப்புக்குப் பக்கத்தில், எழுநூறு எண்ணூறு ஆண்டு என்ன ஆபத்து வரும்?

வரும் ஆபத்து கல்லுளிதான். அம்மி, ஆட்டுக்கல், உரல், வாசல்படி, கிணற்றுச் சுற்றுக்கல், மதகுக்கல், கோயில் தூண், எல்லாவற்றுக்கும் கல் வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கு ஆற்றுப் பாசனமும் வாய்க்காலும் நிறைந்த நஞ்சை நாடு; கல்லின் தேவை ஓய்ந்ததே இல்லை. ஊரை ஒட்டிக் கைக்கெட்டும் தூரத்தில், உடையாத நல்ல பாறை ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தால் கல்தச்சன் விடமாட்டான். அதை விட்டுவைக்கச் செய்தது அங்கே கருப்பன் இருக்கிறான் என்ற அச்சம். எல்லை காப்பவன், குதிரையில் இரவில் சுற்றுகிறவன், பொய்ச்சத்தியம் செய்தவனைச் சும்மா விடாதவன் என்று மக்கள் நம்பும் தெய்வம் அது. அவன் பாறையில் ஆப்படித்துத் துளையிடத் துணிகிறவன் இந்தச் சீமையில் அரிது. மதுரைச் சமணர்மலையில் அடிவாரத்துக் காவல் அய்யனாருடையது. மேலே பேச்சிப்பள்ளம், செட்டிப்புடவு என்று நாட்டார் வைத்த பெயர்கள் நிற்கின்றன. பேச்சி பெண் தெய்வம். செட்டிப்புடவில் நீண்ட காதுகளோடு அமர்ந்த தீர்த்தங்கரரை ஒரு செட்டியாராக மக்கள் கண்டார்கள். சிதறாலில் சமணக் குகைக்குள் பகவதி குடியேறினாள். ஐவர்மலையைப் பாண்டவர் ஐவரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இடத்துக்கு இடம் ஒரே கதை நடக்கிறது: பழைய தெய்வம் யாரென்று மறந்த பிறகும், அந்த இடம் சாமி இடம் என்ற உணர்வு மட்டும் மறையவில்லை. அந்த உணர்வே உருவங்களைச் சுமந்து வந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இது காப்பு அல்ல, அழிப்பு என்பார்கள். ஒரு சமயத்தின் இடத்தை இன்னொன்று எடுத்துக்கொண்டு, அதன் பெயரையும் பொருளையும் துடைத்துவிட்டபின், கல் மிச்சமிருப்பதை எப்படிப் புகழ்வது? சமணம் இன்றும் வாழும் சமயம். தொண்டை மண்டலத்தில் தமிழ்ச் சமணர்கள் இருக்கிறார்கள். தங்கள் தீர்த்தங்கரர் வேறு பெயரில் கிடப்பது அவர்களுக்கு வலி. இந்த வலி உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அழிப்பதற்கும் மறப்பதற்கும் வேறுபாடு இருக்கிறது. அழிக்க வந்தவன் முதலில் முகத்தை உடைப்பான், எழுத்தைச் சுரண்டுவான். குணகிரியில் வட்டெழுத்து இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இல்லாமல் போய்ப் பல நூறு ஆண்டு ஆகியும் அது கிடைக்கிறது. பொருளை இழந்தார்கள், பொருளுக்குச் சான்றான கல்லை இழக்கவில்லை. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டில் கல்வெட்டுத் துறையினர் வந்து படியெடுத்து அச்சணந்தியை மீட்க முடிந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேல்தட்டு வரலாறு எழுதியவர்கள் கழுவேற்றத்தைத் திருவிழாவாக நினைவு வைத்தபோது, ஏட்டில் எழுதாத எளிய மக்கள் சமணப் பாறைக்கு முன்னால் சூடம் ஏற்றிக் கும்பிட்டார்கள். வன்மம் யாரிடம் இருந்தது, மரியாதை யாரிடம் இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சாமி காத்தார் என்பது சரி, கிரானைட் அறுக்கும் இயந்திரம் வந்த பிறகு எந்தச் சாமி காத்தார்? மேலூர்ப் பக்கம் குன்றுகள் ஒவ்வொன்றாக அறுத்தெடுக்கப்பட்டன. கீழவளவில் சமணப் படுக்கைகள் உள்ள குன்று நிற்கிறதென்றால், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்ததால்தான். இதை மறுக்க எனக்கு எண்ணமில்லை. உளியும் ஆப்பும் இருந்த காலத்தில் ஒரு தெய்வத்தின் மீதான அச்சம் போதுமான வேலியாக இருந்தது. குத்தகை எடுத்தவர் வெளியூரிலும், அறுத்த கல்லை வாங்குகிறவர் கடலுக்கு அப்பாலும் இருக்கும் காலத்தில் அந்த வேலி போதாது. ஆனால் சட்டத்தின் வயதையும் பார்க்க வேண்டும். நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் 1904-இல் வந்தது. இன்றைய சட்டம் 1958-இல். சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி என்று சட்டத்திலேயே வரையறுத்தது 2010-இல். பத்தாம் நூற்றாண்டுக்கும் 1904-க்கும் நடுவே கிடக்கும் நீண்ட காலத்தில் இத்தகைய பாறைகளைக் காக்க அப்படியொரு சட்டம் இல்லை. சட்டம் வந்தபோது காப்பதற்கு ஒன்று மிச்சம் இருந்ததே, அது யாரால்?

சட்டம் மட்டும் போதாது என்பதை மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி இன்னும் தெளிவாக்குகிறது. பிராமி எழுத்துள்ள குகை, தீர்த்தங்கரர் உருவம், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் மூன்றும் அந்த ஒரே குன்றில் இருக்கின்றன. இலங்கை மன்னன் தேவநம்பிய தீசனின் உறவினரான அரிட்டரோடு ஊரின் பெயரைச் சேர்த்து இதையும் பௌத்தத் தலம் என்று சொன்னவர்கள் உண்டு. குகைக் கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. லகுட வல்லூறும் ராசாளிக் கழுகும் தேவாங்கும் வாழும் அந்தக் குன்றுகளை 2022 நவம்பரில் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அதுவே. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதை உள்ளடக்கிய நிலப்பரப்பில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானது. அறிவிப்பு அப்படியே இருந்தது, ஏலமும் நடந்தது. 2025 சனவரியில் ஏலம் ரத்தானதற்குக் காரணம் கிராம சபைகள் போட்ட தீர்மானங்களும், மதுரையை நோக்கி நடந்த மக்களும். அந்த மக்களைத் திரட்டியது தொல்லியல் அறிவு மட்டும் அல்ல. தங்கள் கோயிலும் கண்மாயும் சுனையும் மலையும் ஒன்றோடொன்று பின்னியவை என்ற பழைய உணர்வு. இங்கே சட்டம் அந்த உணர்வுக்கு மாற்றாக நிற்கவில்லை.

கல்லுக்குப் பொருந்துவது மரத்துக்கும் விலங்குக்கும் பொருந்தும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களில் மரங்கள் நின்றது ஏலம் நிழலில் விளையும் பயிர் என்பதால். கீழே அடிவாரப் பாறைகளில் ஆலும் அத்தியும் அரசும் நின்றது சாமி மரம் என்பதால். நாட்டுக்குரங்கு அந்த மரங்களை நம்பி வாழ்கிறது. உயரத்தில் மேகமலைச் சோலைகளில் வெடிப்பலாவைத் தின்று, மரத்தை விட்டு அதிகம் இறங்காமல் வாழும் சோலைமந்தி வேறு இனம்; பாறைக்குன்றில் நம் கைப்பையைப் பார்ப்பது நாட்டுக்குரங்கு. இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத உயிர் அது. சாலையோர ஆலமரங்கள் வெட்டப்பட்டபோது அங்கிருந்த கூட்டங்கள் அருகிப்போனதை மைசூர்ப் பகுதியில் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கோயிலும் குன்றும் இருக்கும் இடங்கள் அவற்றுக்கு மிஞ்சிய புகலிடங்களில் ஒன்று. ஆனால் இன்று அங்கே போகிறவர்கள் பிஸ்கட்டும் பொரியும் வீசுகிறார்கள். காட்டுப் பழம் தேடி அலைந்த கூட்டம் கையை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறது. பிறகு பறிக்கிறது, கடிக்கிறது. பிறகு ஊரார் கூண்டு கேட்கிறார்கள். பழைய வழிபாடு குரங்குக்கு மரத்தை விட்டுவைத்தது, கையில் தின்பண்டம் கொடுத்துப் பழக்கவில்லை.

இவை எல்லாவற்றிலிருந்தும் எழும் நடைமுறைக் கோரிக்கை சிறியது. இத்தகைய பாறைகளில் அறிவிப்புப் பலகை பெரும்பாலும் நூற்றாண்டையும் சட்டப்பிரிவையும் தண்டனையையும் சொல்லி நின்றுவிடுகிறது. உத்தமபாளையத்துப் பலகையில் திருக்குணகிரி என்ற பெயர் பெரிய எழுத்தில் வேண்டும், அச்சணந்தி யார் என்று நான்கு வரி வேண்டும், இவர்கள் புத்தர் அல்லர் என்று எப்படி அறிவது என்று படத்தோடு விளக்கம் வேண்டும். அதே பலகையில், அதே அளவு எழுத்தில், இந்தப் பாறையைக் கருப்பணசாமி பாறையாகக் காத்துவந்த ஊராரின் வழிபாடும் வரலாறாக எழுதப்பட வேண்டும். உருவங்கள் மேல் எண்ணெய் பூச வேண்டாம், எழுத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டாம் என்று வெளியூர் அதிகாரி சொன்னால் அது தடை. உங்கள் முன்னோர் காத்தது இன்னது என்று தெரியவைத்துக் கேட்டால் ஊர்ப் பூசாரியே அதை மற்றவர்களுக்குச் சொல்வார். காதல் சோடிகள் பாறையில் பெயர் கீறுவதைத் தடுக்க, மதுரையிலிருந்து எப்போதாவது வரும் ஆய்வாளரைவிட, வெள்ளிக்கிழமை தவறாமல் வரும் அவரே பொருத்தமான ஆள்.