இரும்பில் பொறித்த மெய்க்கீர்த்தி

ஜவ்வாது மலையடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களை 1972இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை நூலாக வெளியிட்டது. ஆநிரைப் பூசலில் பட்ட வீரனின் பெயரும், அரசனின் ஆட்சியாண்டும், வீரன் ஏந்திய வில்லும் வாளும் அக்கற்களில் பதிவாகியுள்ளன. எழுத்தைப் படிப்பது போலவே ஆயுதத்தின் வடிவத்தையும் ஆய்வாளர் படிக்கிறார். பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போரின் வேலையும் ஏறத்தாழ இதுவே. அவர்களுடைய கல்வெட்டு இரும்பில் இருக்கிறது.

அவ்வகையில் நாம் இங்கே கவனிக்க விரும்புவது, போருக்குப் போகாத ஒரு துப்பாக்கியை. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், குறிபார்த்துச் சுடுவதில் தன் படையினர் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை பிரிட்டன் உணர்ந்தது. தளபதி ராபர்ட்ஸ் பிரபு துப்பாக்கிக் கழகங்களை ஊக்குவித்தார். ராணுவத்தின் .303 தோட்டா விலை மிகுந்தது. அதைச் சுட நீண்ட திடலும் வேண்டும். ஆகவே எடையும் பிடியும் குறிமுள்ளும் மாறாமல், குழலை மட்டும் 0.22 அங்குலத் துளைக்குச் சுருக்கிப் பயிற்சித் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. லீ-என்ஃபீல்டு வகையில் 1921இல் வந்த வடிவம் பின்னர் ‘இரண்டாம் எண், நான்காம் மார்க்’ என்று பெயர் பெற்றது.

இதை இனங்காண்பது கடினமன்று. குழல்வாயில் துளை மிகச் சிறிதாக இருக்கும். .22 தோட்டாவின் வெடிமருந்து விளிம்பில் தீப்பற்றுவது. ஆகையால் சுடும் ஊசி நடுவில் தட்டாமல் ஓரத்தில் தட்டும். தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டும். தோட்டாப் பெட்டியின் உள்ளுறுப்புகள் நீக்கப்பட்டு, வெற்றுக் கூடுகள் வந்து விழும் கூடையாக அது மாறியிருக்கும்.

கட்டைக்கு முன்னுள்ள இரும்புப் பட்டையில்தான் மெய்க்கீர்த்தி தொடங்குகிறது. மகுடம், அரசரின் பெயரெழுத்து, தொழிற்சாலை, ஆண்டு, வகை என்ற வரிசையில் அது செல்லும். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் பெயரோடு ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள் இருந்தால் அது பேரரசர் ஜார்ஜ் காலத்தது. விடுதலைக்குப் பின் மகுடத்தின் இடத்தில் அசோகரின் சிங்கங்கள் வந்தன. போர்த் துப்பாக்கியாகப் பிறந்து பின்னர் பயிற்சிக்கு மாற்றப்பட்டவற்றில் பழைய பொறிப்பும் புதிய பொறிப்பும் அடுத்தடுத்து நிற்கும். அழகுக்காக அவற்றை உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர், கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசும் திருப்பணிக்காரருக்கு இளையவர் அல்லர்.

இந்தப் பொறிப்புகளில் ஆள்வோரின் அச்சமும் படிக்கக் கிடைக்கிறது. 1857க்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று என்ஃபீல்டின் உட்சுருள் நீக்கப்பட்டு, குறி தவறும் மழுங்கற்குழல் தரப்பட்டது. பிற்காலத்தில் இஷாப்பூரில் காவலர்களுக்காக .303 துப்பாக்கிகள் .410 மஸ்கெட்டாக மாற்றப்பட்டன. தோட்டாப் பெட்டிக்குரிய இடத்தில் மரக்கட்டை செருகி ஒற்றைத் தோட்டாவோடு அவை நிறுத்தப்பட்டன. விடுதலைக்குப் பின் நிலை மாறியது. 1948இல் தேசிய மாணவர் படை சட்டப்படி அமைந்தபின், எளிய வீட்டுப் பிள்ளைகளும் .22 துப்பாக்கியை ஏந்திக் குப்புறப் படுத்து மூச்சடக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மலை மேலே கதை வேறு. ஜவ்வாது மலையின் மலையாளி மக்களிடம் நெடுங்காலமாகப் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தையும் ரவையையும் குழல்வாய் வழியே இடித்து நிரப்புவது அது. கொல்லன் செய்த அந்தக் குழலில் மகுடமும் இல்லை, சிங்கமும் இல்லை, ஆண்டும் இல்லை. 1878இன் ஆயுதச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1959இன் சட்டமும் உரிமம் கேட்டன. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. உரிமமற்றவற்றை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது, மக்களும் ஒப்படைக்கிறார்கள். அது வேண்டியதே. வேலியோரத்துத் துப்பாக்கி பன்றியை மட்டுமே சுடும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

ஆனால் ஒப்படைக்கப்பட்டவை அழியும்போது, அவற்றோடு ஒரு கைத்தொழிலின் சான்றும் அழிகிறது. குழலின் நீளம் என்ன, எந்த மரத்தால் கட்டை செதுக்கினார்கள், எந்த ஊர்க் கொல்லன் செய்தான் என்பவை எழுதப்படாமல் போனால் பின்னர் கேட்டறிய ஆள் இருக்க மாட்டார். பழுதுபார்த்தும் பயன்படுத்த முடியாத பழம்பொருள் துப்பாக்கிகளுக்கு 1959இன் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதங்களுக்குச் சென்னை அருங்காட்சியகத்தில் இடமுண்டு. அதே இடத்தில், செயலிழக்கச் செய்த மலைத் துப்பாக்கிகள் சிலவற்றுக்கும் ஒரு மூலை வேண்டும் என்கிறோம். அதற்கு முன்பாக, அழிக்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழற்படமும் நான்கு வரிக் குறிப்புமாவது எழுதப்பட வேண்டும். மாடு மீட்டு மாண்டவனுக்கு ஒரு கல்லும் சில வரிகளும் அளித்த மலையடிவாரம் இது. இவ்வளவு கேட்பது மிகையாகாது.