காமிக்ஸ் இதழ்: கையொப்பமும் தரச்சான்றும்

சேகரிப்பாளர் ஒருவரிடம் உள்ள காமிக்ஸ் இதழை நிபுணர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, அதன் நிலைக்கு 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துத் தரும் சேவைக்குத் தரச்சான்று என்று பெயர். அந்தப் பேழையைச் சேகரிப்பாளர்கள் 'ஸ்லாப்' என்பார்கள். பெரும்பாலும் அமெரிக்க காமிக்ஸ் சந்தையைச் சார்ந்தே வளர்ந்த வழக்கம் இது. கதை எழுதியவரிடமோ ஓவியரிடமோ அட்டையில் கையொப்பம் வாங்கி, அதன் பிறகு மதிப்பெண்ணுக்கு அனுப்புவதும் இதன் ஒரு கிளை.

இதழைத் தயார் செய்யும் வேலைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இதழின் மேல் வந்து சேர்ந்த அழுக்கை எடுக்கலாம், மடங்கிய இடத்தை நிமிர்த்தலாம். புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. ஒரு துளி வண்ணம் பட்டாலும் அது குறைதான். கையொப்பமும் அட்டைமேல் பின்னாளில் ஏறிய மைதான். தரச்சான்று நிறுவனத்தின் சாட்சி முன்னால் போட்டால் அந்த மை சிறப்பாக மாறுகிறது.

தோற்றம்

பழைய இதழ்களின் விலையையும் தரத்தையும் ஒழுங்குபடுத்தும் முயற்சியில் பெரிய அடி, ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் 1970இல் வெளியிட்ட விலைக் கையேடு. அதற்குப் பிறகும் 'புதிது போல இருக்கிறது' என்பது விற்பவர் வாய்ச்சொல்லாகவே இருந்தது. 2000ஆம் ஆண்டில் சி.ஜி.சி. நிறுவனம் தொடங்கப்பட்டதும் நிலைமை மாறியது. நாணயங்களுக்குத் தரச்சான்று அளித்து வந்த குழுமத்திலிருந்து பிறந்த நிறுவனம் இது. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் இயங்குகிறது. 2014இல் சி.பி.சி.எஸ். போட்டிக்கு வந்தது.

மதிப்பெண்ணின் எடை ஏல அறையில் தெரியும். சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 1938இல் 10 சென்ட்டுக்கு விற்றது, 8.5 பெற்ற பிரதி ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேஸிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழின் 1962ஆம் ஆண்டு விலை 12 சென்ட். அதன் 9.6 பிரதியை 2021இல் 36 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார்கள்.

சீட்டின் நிறம்

அளவுகோலில் மொத்தம் 25 படிகள். மேலே போகப் போகப் படிகள் நெருக்கமாகின்றன: 9.0, 9.2, 9.4, 9.6, 9.8, 9.9, 10. புதிதாக அச்சாகி வந்த இதழுக்கே 9.9 கிடைப்பது அரிது.

எண்ணுக்கு இணையாகப் பேழையின் தலைப்பில் இருக்கும் சீட்டின் நிறமும் பேசும். சி.ஜி.சி. முறையில் நீலம் என்றால் வழக்கமான இதழ். மஞ்சள் என்றால் நிறுவனத்தின் சாட்சி முன்னால் கையொப்பமானது. யார், எந்தத் தேதியில் போட்டார் என்பது சீட்டிலேயே அச்சாகும். ஊதா என்றால் யாரோ திருத்தியிருக்கிறார்கள்: உதிர்ந்த மையின்மேல் வண்ணம் தீட்டியிருக்கலாம், ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருக்கலாம், கிழிசலில் காகிதம் வைத்து ஒட்டியிருக்கலாம். ஊதாச் சீட்டு விழுந்தால் விலையும் விழும். பச்சை என்றால் ஒரு பெரிய குறையைத் தனியே குறிப்பிட்டுவிட்டு மற்றதற்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். சாட்சியில்லாமல் வாங்கிய கையொப்பம் நெடுங்காலம் இந்தப் பச்சையில்தான் ஒதுங்கியது. அத்தகைய கையொப்பங்களை ஒப்பிட்டுச் சோதித்து உறுதி செய்யும் வழியைச் சி.பி.சி.எஸ். திறந்துவிட்டது.

அனுப்புவதற்கு முன்

முதல் வேலை பக்கங்களை எண்ணுவது. 1974 நவம்பர் தேதியிட்ட 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 181ஆம் இதழ் இதற்கு நல்ல பாடம். எக்ஸ்-மென் புகழ் வுல்வரின் முழுக்கதையில் தோன்றிய முதல் இதழ் அது. முந்தைய இதழின் கடைசிப் படத்தில் மட்டும் தலைகாட்டியிருந்தார். அந்தக் காலத்தில் மார்வெல் நிறுவனம் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் வெட்டி எடுக்கும் அஞ்சல்தலை போன்ற வில்லைகளை அச்சிட்டது. சிறுவர்கள் கத்தரியால் வெட்டி ஆல்பத்தில் ஒட்டினார்கள். 181இல் இருந்தது 54ஆம் எண் வில்லை. அதில் ஷானா என்ற காட்டு நாயகி. அட்டை பளபளவென்று இருந்தும், உள்ளே தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஓட்டை விழுந்த பிரதிகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்குப் பச்சைச் சீட்டோ தாழ்ந்த மதிப்பெண்ணோதான்.

அடுத்து மேலழுக்கு. ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான வெள்ளை ரப்பரின் துருவலை அட்டையின் வெள்ளைப் பகுதியில் தூவி, விரல் நுனியால் மெதுவாக உருட்டினால் பழைய கைரேகையும் தூசும் ரப்பரோடு வந்துவிடும். வண்ணம் அடர்ந்த இடங்களில் அதே ரப்பர் மையையும் சேர்த்துத் தின்னும். பளபளப்பு மங்கிய திட்டு, சாய்வான வெளிச்சத்தில் பார்ப்பவரின் கண்ணுக்கு உடனே படும்.

பிறகு 'பிரஸ்ஸிங்', நம் பேச்சில் சொன்னால் இஸ்திரி. இதழுக்குச் சிறிதளவு ஈரப்பதம் ஏற்றி, ஒட்டாத சிலிக்கான் தாள்களுக்கு நடுவே வைத்து, மிதமான சூட்டில் அழுத்தி, அழுத்தத்தை எடுக்காமலே ஆறவிடுவார்கள். விரல் பட்டுக் குழிந்த இடமும், முதுகு சுருண்ட இதழும் நேராகும். இதைத் தரச்சான்று நிறுவனங்கள் திருத்தமாகக் கருதுவதில்லை. அதனால் 9.2இல் நிற்கும் இதழை 9.6க்கு ஏற்ற இதுவே முதல் வழி. ஆனால் முதுகோரத்தில் ஸ்டேப்ளர் பின்னுக்குப் பக்கத்தில் விழும் சிறு கீறல்களில் இரண்டு வகை. காகிதம் மட்டும் வளைந்திருந்தால் இஸ்திரிக்கு மசியும். மை வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிந்துவிட்டால் எந்தச் சூடும் அதை மூடாது. மார்க்கர் எடுத்து அந்த வெள்ளையை மறைக்கும் கைதான் ஊதாச் சீட்டை வரவழைக்கிறது. சூடு கூடினாலும் ஆபத்து: அட்டை சுருங்கி உள்தாள் வெளியே நீட்டும், பின்னைச் சுற்றிக் காகிதம் கிழியும்.

காகிதத்தின் நிறத்தை மட்டும் பின்னோக்கித் திருப்ப முடியாது. மரக்கூழில் செய்த மலிவான தாளில் லிக்னின் இருக்கிறது; ஒளியும் சூடும் பட்டால் அது பழுத்து, தாள் கடைசியில் அப்பளமாக நொறுங்கும். கொலராடோவைச் சேர்ந்த எட்கர் சர்ச் வாங்கிச் சேர்த்த இதழ்களை 1977இல் சக் ரொஸான்ஸ்கி என்ற வியாபாரி வாங்கினார். இருட்டான அலமாரியறையில், வறண்ட மலைக்காற்றில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தவை அவை. 1940களின் தாள்கள் வெள்ளை மாறாமல் இருந்தன. 'மைல் ஹை' என்ற அந்தச் சேகரத்தின் பெயர் இன்றும் பேழைச் சீட்டில் தனியே அச்சாகிறது.

கையொப்ப மேசை

காமிக்ஸ் விழாவில் புகழ்பெற்ற ஓவியர் முன்னால் வரிசை நீளும். ஓர் இதழுக்குக் கிடைப்பது சில நொடிகள். அதனால் ஏற்பாடு வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும். அட்டைக்கு மேல் உறை போட்டு, கையொப்பம் வர வேண்டிய இடத்தில் மட்டும் அதைச் சன்னல்போல் வெட்டி வைப்பார்கள். ஓவியரின் உள்ளங்கை அட்டையில் படாது. பேனாவும் நாயகனின் முகத்துக்குப் போகாது. அட்டைக்கு அடியில் கெட்டியான அட்டைத்துண்டு இருந்தால் பேனா அழுத்தம் உள்பக்கங்களில் தடம் பதிக்காது.

பேனாவிலும் தேர்வு உண்டு. பந்துமுனைப் பேனா குழி போடும். நிரந்தர மார்க்கர் வழவழப்பான புது அட்டையில் நன்றாக அமரும். பழைய தாளில் பின்பக்கம் ஊறும். கறுப்பும் கருநீலமும் நிறைந்த அட்டைக்குத் தங்க, வெள்ளி வண்ணப் பேனா எடுப்பாக இருக்கும். அதை முதலில் வேறொரு தாளில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; குலுக்கிய கையோடு அட்டையில் வைத்தால் ஒரு சொட்டு விழும். கையொப்பம் காயும்முன் உறையை மூடினால் மை உறையோடு போய்விடும். 'அன்புடன் இன்னாருக்கு' என்று பெயர் எழுதி வாங்கினால் வைத்திருப்பவருக்கு மகிழ்ச்சி. விற்கும்போது வாங்குபவருக்குத் தயக்கம்.

சாட்சி கூடவே நிற்கிறார். பேனா எழுந்ததும் இதழ் அவர் கைக்குப் போகிறது. உரிமையாளருக்குத் திரும்ப வருவது பேழைக்குள்தான். நடுவில் ஒரு முறை பைக்குள் போட்டு எடுத்தாலும் மஞ்சள் சீட்டு தவறிவிடும்.

காலமும் ஒரு தடை. ஹல்க் 181ஆம் இதழை எழுதிய லென் வெய்ன் 2017இலும், வரைந்த ஹெர்ப் டிரிம்ப் 2015இலும், வுல்வரினின் தோற்றத்தை வடிவமைத்த ஜான் ரொமிட்டா 2023இலும் மறைந்தார்கள். 2018இல் மறைந்த ஸ்டான் லீயின் கையொப்பத்தோடு மஞ்சள் சீட்டு ஏறிய பிரதிகள் இனி எண்ணிக்கையில் கூடப்போவதில்லை.

பேழைக்குள்

நிறுவனத்துக்கு வந்த இதழின் பக்கங்களை மீண்டும் எண்ணி, திருத்தம் நடந்திருக்கிறதா என்று பார்த்து, ஒருவருக்கு மேற்பட்டோர் மதிப்பெண் போட்ட பிறகு பேழை மூடப்படும். அட்டைகள் இரண்டும் தெரியும்; உள்ளே ஒரு பக்கத்தையும் புரட்ட முடியாது. இன்னொரு கையொப்பம் வேண்டுமென்றால் பேழையை உடைத்து, மறுபடி சாட்சியை வைத்து, மறுபடி மதிப்பெண் வாங்க வேண்டும். பழைய எண்ணே திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஹல்க் 181ஐப் பேழையோடு வாங்குபவர் ஷானாவின் வில்லையை நேரில் பார்ப்பதில்லை. நீலச் சீட்டையும் உயர்ந்த எண்ணையும் பார்த்து, அந்தப் பக்கத்தில் கத்தரி படவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்.