மருந்தும் காலமும்: மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றில் எழுந்த ஒரு வினா

ஒரு மருந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அது கண்டுபிடிக்கப்பட்ட நாளோடு நின்றுவிடுவர். கண்டுபிடித்தவர் யார், எந்த ஆண்டில், எத்தகைய தற்செயலால் என்பனவே விரிவாகப் பேசப்படும். அம்மருந்தைப் பல்லாண்டுகள் உட்கொண்டோருக்கு என்ன நேர்ந்தது என்பது அரிதாகவே இடம்பெறும். மனச்சோர்வு நோய்க்கான மருந்துகளின் வரலாறும் பெரும்பாலும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் அம்மருந்துகளால் நலமடைந்த ஒருவர், சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழிந்தபின், குளிசையை ஒழுங்காக எடுத்துக்கொண்டிருக்கும்போதே பழைய சோர்வு மெல்ல மெல்லத் திரும்புவதை உணர்தல் உண்டு. உறக்கம் குலைகிறது, செய்தொழிலில் நாட்டம் குறைகிறது, காலையில் எழுவதே பெரும்பாடாகிறது. "மருந்து இப்போது முன்போல் வேலை செய்யவில்லை" என்கிறார் அவர். இக்கூற்றை மருத்துவ உலகு எப்போது செவிமடுத்தது, அதற்கு என்னென்ன விளக்கங்களை அளித்தது, அவை எவ்வளவு தூரம் பொருந்துவன என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்துகளின் வரவுக்கு முன்னரே இந்நோயின் இயல்பொன்று அறியப்பட்டிருந்தது. ஜேர்மனிய உளமருத்துவரான எமில் கிரேப்பெலின், 1899ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பாடநூற் பதிப்பில், மிகையெழுச்சியும் மனச்சோர்வும் வந்து நீங்கி மீண்டும் வரும் நோய்களை ஒரே வகையுள் அடக்கினார். நோயின் பெயரைவிட அதன் போக்கே அவருக்கு முதன்மையாகத் தோன்றிற்று. நோய் வரும்; பல மாதங்கள் நிற்கும்; பெரும்பாலும் தானே தணியும்; இடைக்காலம் கழிந்தபின் மீண்டும் தலைகாட்டும். அவர் காலத்தில் இந்நோயைத் தீர்க்கவல்ல மருந்து எதுவும் இருக்கவில்லை. ஆதலின் அவர் கண்டது நோயின் இயற்கையான நடையையே எனலாம். பின்னர் எழப்போகும் வினாவுக்கு இச்செய்தி இன்றியமையாததாகும்.

மனச்சோர்வுக்கான முதல் மருந்துகள் இரண்டும் வேறு நோய்களுக்காக ஆக்கப்பட்டவை. ஐப்புறோனையசிட் என்பது காசநோய்க்கு எதிராக உருவாக்கப்பட்ட மருந்து. 1952ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் ஸ்ரற்றன் தீவிலுள்ள சீ வியூ வைத்தியசாலையில் அதனைப் பெற்ற காசநோயாளர் பசியும் ஊக்கமும் மிக்கவராய், சிலர் வழக்கத்துக்கு மாறான மகிழ்ச்சியுடையவராய் மாறினர். இதனைக் கொண்டு நேதன் கிளைன் என்னும் உளமருத்துவரும் அவரது துணைவர்களும் அம்மருந்தை மனச்சோர்வு உடையோருக்கு அளித்து, 1957ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஈரலுக்கு ஊறு விளைத்தமையால் 1961இல் அது அமெரிக்காவில் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது; எனினும் அவ்வகையைச் சேர்ந்த வேறு மருந்துகள் நிலைத்தன.

இரண்டாவது மருந்தின் கதை சுவிற்சர்லாந்துக்கு உரியது. கொன்ஸ்ரன்ஸ் ஏரிக்கரையில் அமைந்த மூன்ஸ்ரர்லிங்கன் உளநல வைத்தியசாலையில் ரோலண்ட் கூன் என்பவர் பணியாற்றினார். பாசல் நகரின் கைகி நிறுவனம் அனுப்பிய ஒரு சேர்வையை அவர் முதலில் உளப்பிளவு நோயாளருக்கு அளித்துப் பயன் காணவில்லை. 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும் மனச்சோர்வுற்றோருக்கு அதனை அளித்தபோது, சில நாட்களிலேயே அவர்கள் தேறுவதைக் கண்டார். இமிப்பிரமீன் எனப் பெயர்பெற்ற அம்மருந்தைப் பற்றி 1957 செப்ரெம்பரில் சூரிச் நகரில் நடைபெற்ற உலக உளமருத்துவ மாநாட்டில் அவர் உரையாற்றினார். கேட்க வந்திருந்தோர் பன்னிருவர் அளவினரே என்பர். மருந்தை நோய் தீருமுன் நிறுத்தினால் அறிகுறிகள் மீளும் என்பதைக் கூன் தமது தொடக்ககால எழுத்துக்களிலேயே குறித்துள்ளார். அதாவது மருந்து நோயைத் தாங்கிப் பிடிக்கிறதேயன்றி வேரோடு களைவதில்லை என்பது அப்போதே ஓரளவு உணரப்பட்டது. அவ்வைத்தியசாலையிற் பல்லாண்டுகளாக நடைபெற்ற மருந்துச் சோதனைகள் நோயாளரின் முறையான சம்மதமின்றி நடந்தன என்பதனை 2019இல் வெளியான வரலாற்றாய்வொன்று எடுத்துக்காட்டிற்று. இவ்வரலாற்றில் நோயாளரின் குரல் தொடக்கத்திலிருந்தே தாழ்ந்து ஒலித்தமைக்கு இதுவும் ஒரு சான்றாகும்.

மருந்துகள் வந்தபின்னரே அவற்றுக்கான கொள்கை வந்தது. தென்னாசிய மருத்துவ மரபுகள் நெடுங்காலம் பயன்படுத்திய சர்ப்பகந்தி என்னும் மூலிகையிலிருந்து 1952இல் பிரித்தெடுக்கப்பட்ட றிசேப்பின், உயர் இரத்த அழுத்தத்துக்கு மேலைநாடுகளில் வழங்கப்பட்டது. அதனை உட்கொண்ட சிலர் மனஞ்சோர்ந்தனர் என அறிக்கைகள் வந்தன. அம்மருந்து மூளையிலுள்ள அமைன்கள் என்னும் வேதிப்பொருள்களைக் குறைப்பது அறியப்பட்டது; ஐப்புறோனையசிட்டும் இமிப்பிரமீனும் அவற்றின் செயலை மிகுவிப்பதும் அறியப்பட்டது. இவ்விரண்டையும் இணைத்து 1965இல் அமெரிக்கரான ஜோசப் சில்ட்கிரவுற் நோரட்ரினலின் பற்றியும், 1967இல் பிரித்தானியரான அலெக் கொப்பன் செரற்றோனின் பற்றியும் தம் கருத்துக்களை வெளியிட்டனர். றிசேப்பின் உண்மையிலேயே மனச்சோர்வை உண்டாக்கியதா என்பதனைப் பிற்கால மீளாய்வுகள் ஐயுற்றுள்ளன. ஆயினும் பொதுமக்கள் மனத்தில் ஓர் உவமை ஆழப் பதிந்துவிட்டது: மூளையில் ஒரு பொருள் குறைகிறது, குளிசை அதனை நிரப்புகிறது. இவ்வுவமை எளிமையானது, ஆறுதல் அளிப்பது. ஆனால் நிரப்பிக்கொண்டே இருக்கும் கலம் ஏன் மீண்டும் வெறுமையாக வேண்டும் என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை.

இவ்வினா உடனடியாக எழாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. மருந்துகளைச் சோதித்த காலம் மிகக் குறுகியது. 1962இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், ஒரு மருந்து பாதுகாப்பானது என்பதோடு பயனுடையது என்பதனையும் நிறுவுமாறு உற்பத்தியாளரைப் பணித்தது. அதனைத் தொடர்ந்து வளர்ந்த சோதனைகள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்கள் வரையே நீடித்தன. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற சோதனையிலும் முதன்மையான மதிப்பீடு நான்கு வார முடிவிலேயே செய்யப்பட்டது. அச்சோதனையில் மருந்தற்ற வெறுங்குளிசையைப் பெற்றோருள்ளும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தேறினர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. எதிர்பார்ப்பாலும் பராமரிப்பாலும் நோயின் இயல்பான தணிவாலும் தேறுவோர் உளர் என்பதனை இது காட்டிற்று. சிகிச்சையைத் தொடர்வதன் பயனை அளந்த ஆய்வுகள் பின்னரே வந்தன. 1973இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், தேறிய 92 பேர் ஆறு மாதங்கள் கவனிக்கப்பட்டனர். வெறுங்குளிசைக்கு மாற்றப்பட்டோரில் பாதிப்பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தோரில் நூற்றுக்கு 22 பேருக்கும் நோய் மீண்டது. மருந்தைத் தொடர்வது நன்று என்பதே இதிலிருந்து பெறப்பட்ட பாடம். தொடர்ந்தும் நோய் மீளப்பெற்ற அந்த நூற்றுக்கு 22 பேரைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

அவர்களைப் பற்றிய பேச்சு 1980களிலேயே தெளிவாக எழுந்தது. 1983இல் ஜோன் மான் என்னும் ஆய்வாளர், ஐப்புறோனையசிட் வகை மருந்துகளை நெடுங்காலம் உட்கொண்டு பயனிழந்த சிலரை ஆராய்ந்தார். அம்மருந்துகள் தடுக்க வேண்டிய நொதியம் அவர்களில் தொடர்ந்து தடுக்கப்பட்டே இருந்தது. மருந்து தன் வேதித்தொழிலைச் செய்துகொண்டுதான் இருந்தது. நலம் மட்டும் நழுவிவிட்டது. 1985இல் கோகென், பல்டெசரீனி ஆகிய இருவர் இத்தகைய நேர்வுகளைத் தொகுத்து, மருந்துக்கு உடல் பழகிப்போதல் என்னும் கருத்தை முன்வைத்தனர். கிரேக்க மொழியில் 'விரைந்த காப்பு' எனப் பொருள்படும் ரக்கிபிலக்சிஸ் என்னும் சொல்லும் இந்நிலைக்கு வழங்கலாயிற்று. மாதங்களாக மெல்ல நிகழும் ஒன்றுக்கு விரைவைக் குறிக்கும் சொல் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

1987 டிசெம்பரில் புளுவொக்ஸற்றின் அமெரிக்காவில் அனுமதி பெற்று, அடுத்த ஆண்டில் புறொசாக் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. பழைய மருந்துகளைவிடப் பக்கவிளைவு குறைந்ததாகையால் பெருந்தொகையினர் அதனைப் பல்லாண்டுகள் உட்கொண்டனர். உட்கொள்வோர் தொகையும் காலமும் பெருகவே, 'முன்போல் இல்லை' என்னும் முறையீடும் பெருகிற்று. 1998இல் பேர்ண், ரொத்சைல்ட் ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை நோக்கி, மருந்தைத் தொடர்ந்தோருள் நூற்றுக்கு 9 முதல் 33 பேர் வரையில் நோய்க்குறிகள் மீண்டன எனக் கணித்தனர். ஆய்வுக்கு ஆய்வு எண் இவ்வளவு வேறுபடுவதே, ஒரே பெயரின் கீழ்ப் பலவகை நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கலாம் என்பதற்குக் குறிப்பாகும்.

அவ்வாறாயின் அடங்கியுள்ளவை யாவை? முதலாவது, உடல் உண்மையிலேயே மருந்துக்குப் பழகிவிடுதல். நரம்புக் கலங்களின் ஏற்பிகள் தம்மை மாற்றிக்கொள்ளுதல். இரண்டாவது, நோய் தன் பழைய இயல்புப்படி மீளுதல். கிரேப்பெலின் கண்ட சுழற்சி மருந்தின் அணையைத் தாண்டி வருதல். மூன்றாவது, முதலிற் கிடைத்த தேற்றமே மருந்தால் வந்ததன்றி எதிர்பார்ப்பாலோ இயல்பான தணிவாலோ வந்ததாக இருத்தல். நியூயோர்க் ஆய்வாளரான குவிற்கினும் அவரது குழுவினரும் 1993இல் இதனை வலியுறுத்தினர். நான்காவது, வேறு காரணங்கள் இடையிற் புகுதல்: குளிசைகள் தவறுதல், மதுப் பழக்கம், தைரொயிட் குறைபாடு, பிற மருந்துகளின் தாக்கம், இழப்பும் வறுமையும் போன்ற வாழ்க்கை நெருக்கடிகள், அல்லது நோய் மனச்சோர்வு மட்டுமன்றி இருதுருவ நோயாக இருத்தல். மருந்தின் பக்கவிளைவாக உணர்ச்சிகள் மழுங்குதலும் சிலவேளை நோயின் மீள்வரவெனத் தவறாகக் கொள்ளப்படும். வெளித்தோற்றத்தில் இவையனைத்தும் ஒன்றே. உள்ளே வெவ்வேறு, பரிகாரங்களும் வெவ்வேறு.

இரண்டாவது விளக்கத்தின் வலிமையை நீண்டகால ஆய்வுகள் உணர்த்துகின்றன. பிற்ஸ்பேர்க் நகரில் எலன் பிராங்க், டேவிட் கப்பர் முதலியோர், மீண்டும் மீண்டும் மனச்சோர்வுற்ற 128 பேரை மூன்றாண்டுகள் அவதானித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டனர். இமிப்பிரமீனை முழு அளவில் தொடர்ந்தோரில் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவரே மீள நோயுற்றனர். வெறுங்குளிசை பெற்றோரிலோ ஐவருக்கு நால்வர் அளவில் நோயுற்றனர். 2003இல் 31 சோதனைகளையும் 4,410 நோயாளரையும் ஒருங்கு நோக்கிய ஆய்வு, நோய் மீள்தல் மருந்தைத் தொடர்ந்தோரில் நூற்றுக்கு 18, நிறுத்தியோரில் 41 எனக் கண்டது. 2021இல் வெளியான பிரித்தானிய ஆய்வோ, பொது மருத்துவரிடம் சிகிச்சை பெற்று, நலமாக இருப்பதால் மருந்தை நிறுத்த எண்ணிய 478 பேரைப் பற்றியது. ஓராண்டுக்குள் மருந்தைப் படிப்படியாக நிறுத்தியோரில் நூற்றுக்கு 56 பேருக்கும், தொடர்ந்தோரில் 39 பேருக்கும் நோய் மீண்டது. இவ்விரு எண்களையும் ஒருங்கே வாசித்தல் வேண்டும். முதலெண்ணை மட்டும் காண்போர் மருந்தைக் கைவிடலாகாது என்பர்; இரண்டாம் எண்ணை மட்டும் காண்போர் மருந்தால் யாது பயன் என்பர். மருந்து நோயின் மீள்வரவைக் குறைக்கிறது, ஆனால் முற்றாகத் தடுப்பதில்லை என்பதே இரண்டும் சேர்ந்து கூறும் உண்மை.

குறையை நிரப்பும் கலம் என்னும் உவமையும் இப்போது தளர்ந்துள்ளது. மனச்சோர்வுக்குச் செரற்றோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2022இல் வெளியான விரிந்த மீளாய்வொன்று கூறிற்று. மருந்து பயன் தருவதில்லை என்பது இதன் பொருளன்று. பயன் தரும் வழி நாம் எண்ணியதைவிடச் சிக்கலானது என்பதே பொருள். உவமை தளர்ந்தால் ஒரு வீண் துயரும் தளர வேண்டும். "எல்லோருக்கும் பயன்பட்ட மருந்து எனக்கு மட்டும் பயன்படவில்லை, குறை என்னிடமே" என எண்ணி மறுகுவோர் பலர். 39 என்னும் எண் அவர்கள் தனித்தவரல்லர் என்பதனைக் கூறுகிறது. அது அவர்களின் மனவலிமைக்குறையை அளந்த எண்ணன்று.

இவ்வாறு மருந்தின் பயன் தளரும்போது மருத்துவம் கைகட்டி நிற்பதுமில்லை. அளவை உயர்த்துதல், வேறு மருந்துக்கு மாறுதல், துணைமருந்து சேர்த்தல் ஆகிய வழிகள் உள. 1981இல் மொன்றியல் நகரின் டி மொன்ரிஞி, பழைய மருந்துகளால் தேறாத எட்டுப் பேருக்கு லிதியத்தைச் சேர்த்துக் கொடுத்து விரைந்த பயன் கண்டார். பிற்ஸ்பேர்க் ஆய்வில், மாதந்தோறும் நடந்த உளவழிச் சிகிச்சையும் நோய் மீளும் நாளைத் தள்ளிப்போட்டது. செய்யத்தகாதது ஒன்றே: மருந்து பயனற்றதென முடிவுகட்டித் தாமாகவே திடீரென நிறுத்துதல். இமிப்பிரமீனைத் திடீரென நிறுத்தியோருக்கு உண்டான உடல் தொல்லைகள் 1959இலேயே அறிவிக்கப்பட்டன. நிறுத்துவதாயினும் மாற்றுவதாயினும் மருத்துவரோடு கலந்து, படிப்படியாகச் செய்தலே முறை.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று புலனாகும். ஆண்டுக்கணக்கில் நீளும் நோயொன்றின் மருந்தை வாரக்கணக்கில் சோதித்தமையால், காலம் பற்றிய வினா ஏறக்குறைய கால் நூற்றாண்டு தாமதித்தே எழுந்தது. அதனை முதலில் எழுப்பியோர், மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டும் மீளச் சோர்ந்த நோயாளரே. ஆய்வேடுகள் அவர்களைப் பின்தொடர்ந்தே வந்தன. ஆகவே இன்றும் ஒருவர் வைத்தியரின் முன் அமர்ந்து "முன்போல் இல்லை" என்று கூறும்போது, அதனை முறைப்பாடாகவோ பலவீனமாகவோ கொள்ளாது, விசாரணைக்குரிய சான்றாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு கூற அவர் தயங்காதிருப்பதும், கேட்போர் பொறுமையுடன் கேட்பதுமே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.