ஒரு பகலில் இரு பழநகரங்கள்

பழம்பெரும் நகரங்களைக் கண்டு வருவதில் மாந்தர்க்கு என்றும் ஒரு வேட்கை இருந்து வந்துள்ளது. மக்கள் அயல்நாட்டில் அலுவல் பார்க்கும் குடும்பத்தினர் பலர் இப்போது இத்தாலி வரை சென்று மீள்கின்றனர். காலையில் பிளாரன்ஸ், பிற்பகலில் பீசாவின் சாய்ந்த கோபுரம், இரவில் மீண்டும் ரோமாபுரி எனத் தனி வழிகாட்டி ஒருவர் துணையோடு ஒரே பகலில் பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்த கதையை மாதுங்காவிலும் செம்பூரிலும் நாம் கேட்டு மகிழ்கிறோம். வீரமாமுனிவரைத் தமிழுக்கு ஈந்த நாடு அது. அதைக் காண விழைவதில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும், தொலெந்தினோ, பதுவா, சியனா என்னும் மூன்று இத்தாலிய நகரங்களைச் சேர்ந்த மூவர், இற்றைக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட ஊர், தாதரில் விரார் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வூரே சோபாரா. நாம் நாலாசோபாரா என்று ரயில் அறிவிப்பில் நாள்தோறும் கேட்டும் கேளாது விடுகின்ற பெயர்.

சென்ற மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துக் குடும்பத்தினர் நாற்பது பேர், வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, சோபாராவையும் அதன் அண்டையிலுள்ள வசாயையும் ஒரே பகலில் கண்டு வந்தோம். காலையில் விரார் நோக்கிச் செல்லும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும் என்பதை அன்றுதான் நம்மில் சிலர் அறிந்தனர். கட்டுச்சோற்று மூட்டையும் குழந்தைகளுமாகச் சென்ற அப்பயணத்தில் அறிந்தவற்றையும், அதன் பின் நூல்களில் பயின்றவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறோம்.

சோபாராவின் பழமை சிறிதன்று. மகாபாரதம் அதனைச் சூர்ப்பாரகம் என்னும் பெயரால் புனிதத் தலமாகக் கூறும். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல் அதனைச் சுப்பாரா என்று குறிக்கின்றது. அதே நூல்தான் முசிறியையும், காவிரிப்பூம்பட்டினம் என அறிஞர் கருதும் கமராவையும், அரிக்கமேடு எனக் கருதப்படும் பொதுகேயையும் குறிக்கின்றது. ஆக, ரோமானிய மரக்கலங்களின் மாலுமிகளுக்கு சோபாராவும் முசிறியும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட துறைகள். நமக்குத்தான் அவை வெவ்வேறு உலகங்களாகிவிட்டன.

இத்துணைப் பெருமை உடைய துறைமுகம் இன்று எங்கே? கடலைக் காண வேண்டுமானால் சோபாராவிலிருந்து மேலும் சில மைல் மேற்கே செல்ல வேண்டும். கப்பல் வந்த கழிகள் தூர்ந்து வயலாகவும் தோப்பாகவும் மாறி, இப்போது அடுக்கு வீடுகளாகவும் மாறி வருகின்றன. நம் சங்கத்தில் நெல்லைச் சீமையினர் மிகுதி. அவர்களுக்கு இது புதுக் கதை அன்று. முத்துக்குப் பெயர்போன பாண்டியரின் கொற்கை, தாமிரவருணி கொணர்ந்த வண்டலால் கடலை விட்டு விலகி இன்று ஒரு சிற்றூராக நிற்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் எழுந்தது. காயலுக்குப் பின் தூத்துக்குடி தலையெடுத்தது. அவ்வாறே இங்கும் சோபாரா தளர, தாணே வளர்ந்தது. பின்னர் வசாய் ஓங்கியது. வசாய்க்குப் பின் மும்பை. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதியபோது தாணேயையும் பாடினார், காயலையும் பாடினார். சோபாராவும் கொற்கையும் அப்போதே பழங்கதை ஆகியிருந்தன. துறை நகர்ந்த இடமெல்லாம் மக்களும் பெயர்ந்தனர். கொற்கைக்கு அருகில் பிறந்தோர் பேரர் தாராவியில் வாழ நேர்ந்ததும் அந்த நெடும் பெயர்ச்சியின் ஒரு பகுதியே அன்றோ?

சோபாராவில் காணத்தக்கது ஒரு செங்கல் மேடு. அவ்வளவே. நம்முடன் வந்த சிறுவன் ஒருவன், "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான். ஊரார் அதனைப் புருட் ராஜாச்சே கோட், அதாவது மூங்கில் முடையும் அரசனின் கோட்டை என்று வழங்கி வந்தனர். 1882ஆம் ஆண்டு பகவான்லால் இந்திரஜி என்னும் பேரறிஞர் அதனை அகழ்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பு ஏதும் இன்றித் தம் முயற்சியால் கல்வெட்டு எழுத்துக்களைக் கற்றுத் தேர்ந்த குஜராத்தியர் அவர். மேட்டின் நடுவே ஒரு பெரிய கற்பேழை வெளிப்பட்டது. அதனுள் செப்புச் சிமிழ், அதனுள் வெள்ளிச் சிமிழ், அதனுள் கல்லால் ஆனது, அதனுள் பளிங்கு, அதனுள் பொன். பொற்சிமிழைத் திறந்தபோது உள்ளே இருந்தவை மட்கலத்தின் சில ஓட்டுத் துண்டுகள்! புத்தர் பெருமான் ஏந்திய திருவோட்டின் துண்டுகள் என்று கருதி அவற்றை அவ்வாறு போற்றி வைத்துள்ளனர். செப்புச் சிமிழைச் சுற்றிலும் எட்டு வெண்கலப் புத்த உருவங்கள் அமர்ந்திருந்தன. பொன்னாற் செய்த சிறு பூக்களும் குவியலாகக் கிடைத்தன.

அப்பேழையில் ஒரு வெள்ளிக் காசும் இருந்தது. அதனைப் பற்றிச் சற்று விரித்தே எழுத வேண்டும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆண்ட சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் காசு அது. ஒரு பக்கத்தில் மன்னனின் தலையுருவமும் அதைச் சுற்றிப் பிராகிருத மொழியில் அவன் பெயரும் உள்ளன. மறுபக்கத்து எழுத்து நெடுங்காலம் செம்மையாகப் படிக்கப்படாமலே இருந்தது. இதையொத்த சாதவாகன வெள்ளிக் காசுகள் பல பின்னர்க் கிடைத்தபின், அது பிராகிருதம் அன்று, ஒரு திராவிட மொழி என்று அறிஞர் தெளிந்தனர். தமிழே என்று இரா. நாகசாமி, இரா. பன்னீர்செல்வம் போன்றோர் எடுத்துக் காட்டினர். வேறு கருத்துடையோரும் உளர். பிராகிருதத்தில் 'ராஞோ' என்று உள்ள இடத்தில் மறுபக்கத்தில் 'அரஹணகு' என்று நிற்கிறது. அரசனுக்கு என்று சொல்லிப் பாருங்கள், ஒற்றுமை விளங்கும். 'சிரி' என்பதற்கு ஈடாக 'ஹிரு' என்று உள்ளது. நம் 'திரு'வின் உடன்பிறப்பு அது. சொல்லின் இறுதியில் நிற்கும் 'கு' என்னும் உருபை, நான்காம் வேற்றுமை படித்த பள்ளிப் பிள்ளையும் அடையாளம் காணும்.

இங்கே ஒரு சொல் கூறியாக வேண்டும். இச்செய்தியைக் கேட்டவுடன், நம்மவர் சிலர் மார்தட்டி, இந்த மண் அன்றே நம் மண் என்று முழங்கக் கூடும். அது வரலாறு ஆகாது. சாதவாகனர் தமிழ் வேந்தர் அல்லர். ஒரு காசு பட்டா ஆகிவிடாது. மன்னன் இரு மொழியில் காசு அடித்ததற்குக் காரணம், அவன் ஆட்சியிலும் அங்காடியிலும் இரு மொழி பேசும் மக்கள் இருந்தமையாகவே இருத்தல் வேண்டும். அவ்வளவு கூறினால் போதும். ஆனால் அவ்வளவும் சிறிதன்று. நீங்கள் எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்னும் கேள்வியை இந்நகரில் பலமுறை கேட்டவர்கள் நாம். அந்தக் கேள்விக்கு அஞ்சித் தலைகுனிய வேண்டியதும் இல்லை, பொய்ப் பெருமை பேசி எதிர்க்க வேண்டியதும் இல்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்கரையில் இரு மொழிக் காசு வழங்கியது என்று அமைதியாகச் சொல்லலாம்.

பேழையும் சிமிழ்களும் இன்று கோட்டைப் பகுதியில் டவுன்ஹால் கட்டிடத்திலுள்ள ஏசியாட்டிக் சொசைட்டியின் பாதுகாப்பில் உள்ளன. அதன் படிக்கட்டுகளைக் கடந்தே நம்மில் பலர் நாள்தோறும் அலுவலகம் செல்கிறோம்.

அதே 1882இல் சோபாராவில் அசோகரின் எட்டாம் பாறைக் கட்டளையின் உடைந்த பகுதியும் கிடைத்தது. அது அருங்காட்சியகத்தில் உள்ளது. அக்கட்டளையின் பொருள் சுவையானது. முன்னாள் மன்னர்கள் வேட்டையாடவும் களிக்கவும் உலா சென்றனர். அசோகரோ போதிமரத்தைக் காணச் சென்றபின் அத்தகைய உலாவை விடுத்து, பெரியோரைக் கண்டு ஈந்து, நாட்டு மக்களோடு உரையாடும் அறப்பயணத்தை மேற்கொண்டார் என்பது அதன் சாரம். பயணம் எதற்கு என்பது பற்றி அரசன் ஒருவன் கல்லில் வெட்டிய சொல், துறைமுகத்தில் கிடைத்தது பொருத்தமே.

இனி அந்த இத்தாலியர் கதை. தொலெந்தினோ தாமஸ், பதுவா ஜேம்ஸ், சியனா பீட்டர் ஆகிய மூவரும், திப்லிஸ் நகரத்துத் தெமெத்ரியஸ் என்பாரும் பிரான்சிஸ்கு சபைத் துறவிகள். கொல்லம் செல்லக் கப்பல் ஏறியவர்களைக் காற்று தாணேயில் கொண்டு சேர்த்தது. போக நினைத்த ஊர் ஒன்று, சேர்ந்த ஊர் ஒன்று. இது நம்மில் பலருக்கும் நேர்ந்ததே. அங்கே எழுந்த சமய வாதத்தின் விளைவாக 1321ஆம் ஆண்டு ஏப்ரலில் நால்வரும் கொல்லப்பட்டனர். அவர்களுடன் வந்து அப்போது வேறிடம் சென்றிருந்த ஜோர்தானுஸ் என்பார் உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்தார். சில காலத்துக்குப் பின் அவ்வழி வந்த இத்தாலியத் துறவி ஓதோரிக், எலும்புகளை எடுத்துக் கொண்டு கடல்வழியே சீனம் வரை சென்றார். இன்று அவ்விடத்தை அறிவிக்கும் கல் எதையும் நாம் காணவில்லை.

சோபாராவிலிருந்து வசாய்க் கோட்டைக்கு ஆட்டோவில் சென்றோம். 1534இல் குஜராத் சுல்தான் பகதூர்ஷா, ஹுமாயூனின் படையெடுப்புக்கு அஞ்சி, வசாயையும் அதனோடு மும்பைத் தீவுகளையும் போர்த்துகீசியரிடம் ஒப்படைத்தான். அதே பத்தாண்டில்தான் முத்துக்குளித்துறைப் பரதவரும் போர்த்துகீசியரின் துணையை நாடினர். வசாய் அவர்களின் வட மாநிலத்துத் தலைநகராயிற்று. மும்பையோ அதற்கு அடங்கிய ஒரு சிற்றிடம். இன்று வசாயை மும்பையின் புறநகர் என்கிறோம்! மதிலுக்குள் உயர்குடிப் போர்த்துகீசியரின் மாளிகைகளும் மாதா கோயில்களும் மடங்களும் இருந்தன. இப்போது கூரையில்லாச் சுவர்களும், அவற்றைப் பிளந்து வளரும் ஆலும் அரசும், நடுவே பனையும். புனித யோசேப்பு ஆலயத்தின் கோபுரம் மட்டும் தலை நிமிர்ந்து நிற்கிறது. ரோமின் இடிபாடுகளைக் கண்டு வந்த அம்மையார் ஒருவர், இங்கே சீட்டும் இல்லை, கூட்டமும் இல்லை என்று வியந்தார். கடல் வாயிலின் அருகே மீனவர் வலை உலர்த்தியிருந்தனர்.

1739ஆம் ஆண்டு மே மாதத்தில், மூன்று மாத முற்றுகைக்குப் பின், பேஷ்வா பாஜிராவின் இளவல் சிமாஜி அப்பா கோட்டையைக் கைப்பற்றினார். மதிலின் அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துத் தகர்த்த கடும்போர் அது. இரு தரப்பிலும் மாண்டோர் ஆயிரக்கணக்கினர். சரணடைந்தோரைக் குடும்பத்தோடும் உடைமையோடும் வெளியேற விட்டார் சிமாஜி அப்பா. கோயில் மணிகள் வெற்றிப் பொருளாகச் சென்றன. அவற்றுள் ஒன்று நாசிக்கில் கோதாவரிக் கரையிலுள்ள நாரோசங்கர் ஆலயத்தில் இன்றும் தொங்குகிறது. மாதாவுக்கு ஒலித்த மணி மகாதேவருக்கு ஒலிக்கிறது.

முற்றுகையின்போது மும்பையில் இருந்த ஆங்கிலேயர் என்ன செய்தனர்? வேடிக்கை பார்த்தனர் என்றால் தவறாகாது. உதவி கேட்டு வந்த போர்த்துகீசியருக்கு, ஆலயத்து வெள்ளிப் பொருள்களை ஈடாகப் பெற்றுக் கொண்டு கடன் கொடுத்தனர். ஆனால் உள்ளூர அச்சம் இல்லாமல் இல்லை. 1737இல் மராத்தியர் தாணேயையும் சாஷ்டித் தீவையும் கைப்பற்றியபோதே மும்பைத் தீவின் வட எல்லையில் ஒரு காவற்கோட்டை எழுந்தது. மித்தி ஆற்றங்கரையில், சதுப்பு நிலத்தை நோக்கிக் கருங்கல்லால் கட்டிய அக்கோட்டை எது தெரியுமா? தாராவியில் நம் பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த காலா கில்லாவே அது.

அந்நாளில் மித்திக்கு இப்புறம் ஆங்கிலேயர். அப்புறம் முதலில் போர்த்துகீசியர், பின்னர் மராத்தியர். செம்பூர் அப்புறத்தது. தாராவியில் குடியிருந்து செம்பூரில் பெண் கொடுத்தவர்கள், அன்றாயின் பிறிதோர் அரசின் நாட்டுக்கன்றோ பெண்ணை அனுப்பியிருப்பர்! இக்கரைகளை இணைக்கும் சயான் பாதை 1803இலும், மாகிம் பாதை 1845இலும் வந்தவை.

வசாயிலிருந்து திரும்பிய மறு ஞாயிறு நம்மில் பத்துப் பேர் காலா கில்லாவைக் காணச் சென்றோம். நால்வர் அதன் நிழலிலேயே முப்பது ஆண்டு குடியிருந்தவர்கள். வீடுகளுக்கு இடையே ஒடுங்கி, செடி முளைத்து, குப்பை சூழ நிற்கிறது. மும்பைக் கவர்னர் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது என்னும் கல்வெட்டு மதிலில் உள்ளது. சோபாராவில் சலித்துக் கொண்ட அதே சிறுவன், ஆண்டைக் காட்டி, "வசாய் விழுவதற்கு இரண்டு வருஷம் முன்னால்" என்றான்.