கடல் கடந்து கற்றவரும் காத்திருந்த வகுப்பறையும்

கல்வியைத் தேடிக் கடல் கடந்தவர் பலர். கற்றுத் திரும்பியவர்க்குத் தாய்மண்ணில் என்ன பணி காத்திருந்தது என்னும் கேள்விக்கு விடை அவரவர் திறமையில் மட்டும் அடங்கியதன்று. அவர் திரும்பிய காலத்தில் நாடு எம்மொழிக்கு எவ்விடம் தந்திருந்தது என்பதிலும் அடங்கியது. ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்று அயல்நாட்டிலிருந்து மீண்ட மலாயா ஆசிரியர்களின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

இவ்வரலாற்றைக் காண மலாக்கா மாநிலம் தக்கதோர் இடம். மலாக்கா நகருக்கு வடமேற்கே புக்கிட் ரம்பாய் அமைந்துள்ளது. ரம்பாய் என்பது ஒரு பழமரத்தின் பெயர். ஊர்ப்பெயர் ரம்பாய்க் குன்று எனப் பொருள்படும். இவ்வூரைப் போன்ற சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் மலாக்கா நகரம் தொலைவானதன்று. ஆயினும், நகரத்து ஆங்கிலப் பள்ளிக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே இருந்த தூரம் கல் கணக்கில் அளக்கத்தக்கது அன்று.

மொழி கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்கு மலாக்கா பழமையான ஊர். 1818ஆம் ஆண்டில் இராபர்ட் மாரிசன் பாதிரியார் அங்கே ஆங்கிலோ-சீனக் கல்லூரியைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்தவர்களுள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த இவருடைய முன்னோருள் ஒரு கிளையினர் நாகூரைச் சார்ந்தவர். 'முன்ஷி' என்னும் பட்டமே மொழியாசிரியரைக் குறிப்பதுதான். மலாக்கா வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது அந்நாளைய வழக்கமென்றும், தம் தந்தையார் தம்மையும் தமிழ் கற்க அனுப்பினார் என்றும் 1849இல் அச்சான தம் வரலாற்று நூலில் அவர் பதிவு செய்துள்ளார். வணிகத்துக்குத் தமிழ் வேண்டியிருந்தது. ஆதலின் தமிழ் கற்றார்கள். பாதிரியார்க்கு மலாய் வேண்டியிருந்தது. ஆதலின் அப்துல்லாவுக்குப் பணி கிடைத்தது. தேவை எங்கோ அங்கே மொழியாசிரியருக்கு இடமுண்டு என்பதை அன்றே மலாக்கா காட்டிற்று.

ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றிய பின்னர் அத்தேவை ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. 1826இல் தொடங்கப்பட்ட மலாக்கா இலவசப் பள்ளி பின்னர் அரசின் பொறுப்பில் மலாக்கா உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1880இல் புனித பிரான்சிஸ் கல்விக்கூடம் எழுந்தது. அலுவலக எழுத்தர் வேலை முதல் இரயில்வே, அஞ்சல், மருத்துவமனைப் பணிகள் வரை இப்பள்ளிகளின் வழியே திறந்தன. இந்நாட்டு ஆங்கிலப் பள்ளிகளில் கற்பிக்க இலங்கையிலிருந்தும் தமிழகம், கேரளம் முதலிய பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தமிழர்க்கு மலாயா வேலை தரும் நாடாக விளங்கியது.

இதே காலத்தில் மற்றொரு தமிழ்க்கூட்டம் வேறொரு வாயிலின் வழியே இந்நாட்டுக்குள் வந்தது. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வாணிகப் பயிராக நட்டார். மலாயாவின் இரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அது கால்கோளாயிற்று. தோட்டங்கள் பெருகின, பால்மரம் சீவத் தமிழகத்து மக்கள் வந்து குவிந்தனர். பள்ளி செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் தோன்றின. ஆனால், அவை பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கற்பித்த அளவில் நின்றன. தோட்டப் பிள்ளை தோட்டத்திலேயே உழைப்பான் என்னும் எண்ணமே அக்கல்வியின் எல்லையை வகுத்தது. ஆங்கிலம் வேண்டுமெனில் நகரத்துக்குச் செல்லுதல் வேண்டும். கட்டணம் செலுத்துதல் வேண்டும். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் எளியனவல்ல.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. சப்பானியர் ஆட்சியில் தடைப்பட்ட கல்வியைத் தொடரப் பிள்ளைகள் பள்ளிகளில் திரண்டனர். பள்ளிகள் பெருகின, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் போதவில்லை. உள்நாட்டில் அத்துணைப் பேருக்குப் பயிற்சி தரக் கல்லூரிகள் இல்லை. ஆகவே, இங்கிலாந்திலேயே மலாயாவுக்கென ஓர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியை நிறுவும் முடிவு எடுக்கப்பட்டது. லிவர்பூல் நகருக்கு அருகிலுள்ள கிர்க்பியில், போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளர்கள் தங்கியிருந்த விடுதிக் கட்டடங்களில் 1952இல் அக்கல்லூரி இயங்கத் தொடங்கியது. 1955இல் வுல்வர்ஹாம்டன் நகருக்கு அருகே பிரின்ஸ்போர்டு லாட்ஜ் என்னுமிடத்தில் இரண்டாவது கல்லூரி எழுந்தது.

மலாய், சீன, இந்திய இளைஞர்களும் இளம்பெண்களும் இக்கல்லூரிகளுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். பல வாரக் கப்பற்பயணம், இரண்டாண்டுப் பயிற்சி, அருகிலிருந்த ஆங்கிலப் பள்ளிகளில் கற்பித்தற் பழக்கம், பின்னர்த் தாயகம் திரும்புதல் - இதுவே ஒழுங்கு. உள்நாட்டில் இனவாரியாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள் அயல்நாட்டுக் குளிரில் ஒரே கூரையின் கீழ் ஒரு நாட்டு மக்களாக வாழக் கற்றனர். 1956 பிப்ரவரித் தொடக்கத்தில் விடுதலைப் பேச்சுக்காக இலண்டன் சென்றிருந்த துங்கு அப்துல் ரஹ்மான், விடுதலை பெறும் நாளைக் கிர்க்பி மாணவர்களிடையே வெளியிட்டார். பின்னர்த் தாயகம் திரும்பி, பிப்ரவரி 20ஆம் நாள் மலாக்காவின் பண்டா ஹிலிர் திடலில் மக்கள் கடல்முன் அந்நாளை அறிவித்தார். கிர்க்பியையும் மலாக்காவையும் வரலாறு இவ்வாறு ஒரே மாதத்தில் இணைத்தது.

இப்பயிற்சி பெற்றவர்கள் திரும்பியபோது வேலை தேடி அலையவில்லை என்பது ஈண்டு கருதத்தக்கது. குறித்த ஆண்டுகள் ஆசிரியப்பணி செய்வதாக ஒப்பந்தம் செய்துகொண்டே அவர்கள் சென்றனர். ஆதலின் வேலையும் கடமையும் ஒருங்கே காத்திருந்தன. முன்னாளில் பிற நாட்டார் மலாயாவுக்கு வந்து ஆங்கிலம் கற்பித்தனர். இப்போது மலாயாவின் மக்களே பிற நாடு சென்று கற்று, திரும்பி வந்து கற்பித்தனர். அந்நியரை நம்பியிருந்த பள்ளிகள் தம் மக்களை ஆசிரியராகப் பெற்றன. இஃது அரசியல் விடுதலைக்கு இணையானதொரு விடுதலை எனலாம்.

ஆயினும், அவ்வாசிரியர்கள் எங்கே சென்றனர் என்று வினவுதல் வேண்டும். ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களிலும் பட்டணங்களிலுமே இருந்தன. ஆங்கில ஆசிரியர் தேவைப்பட்ட இடங்களும் அவையே. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லாப் பள்ளிகளிலும் மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அதனால் தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலம் நுழைந்தது. ஆனால், அதனைக் கற்பிக்கும் சுமை பெரும்பாலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மீதே விழுந்தது. தமிழில் பயின்று, தமிழில் பயிற்சி பெற்று, பல வகுப்புகளை ஒருங்கே நடத்திய ஆசிரியரே ஆங்கில ஆசிரியராகவும் ஆனார். அவர் ஆற்றிய தொண்டு பெரிது. அவருக்குக் கிடைத்த துணை சிறிது.

இவ்வேறுபாட்டின் விளைவைப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் வாயிலில் கண்டனர். 1964இல் நீக்கப்படும் வரை நுழைவுத் தேர்வு ஒன்று அவ்வாயிலைக் காத்தது. ஆறாண்டுத் தமிழ்க் கல்விக்குப் பின் ஆங்கில இடைநிலைப்பள்ளி செல்லும் பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகக் கழிக்க வேண்டியிருந்தது. நகரத்துப் பிள்ளை ஆறாண்டு கேட்டுப் பழகிய மொழியைத் தோட்டத்துப் பிள்ளை ஓராண்டில் எட்டிப்பிடித்தல் வேண்டும். எட்டிப்பிடித்தோர் உயர்ந்தனர், இயலாதோர் வாளியும் உளியும் ஏந்தித் தோட்டத்துக்கே திரும்பினர்.

பினாங்கில் 1957இல் ஆசிரியர் கல்லூரி தொடங்கப்பட்டது. பகல்நேரப் பயிற்சி நிலையங்களும் நாடெங்கும் ஏற்பட்டன. ஆகவே, அயல்நாட்டுக் கல்லூரிகளின் தேவை குறைந்தது. கிர்க்பி 1962இலும் பிரின்ஸ்போர்டு 1964இலும் மூடப்பட்டன.

அதன்பின் வந்தது பெருமாற்றம். 1967இல் தேசிய மொழிச் சட்டம் நிறைவேறியது. ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்மொழிப் பள்ளிகளாக மாறும் என 1969இல் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கோப் அறிவித்தார். 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய மாற்றம், 1976இல் முதலாம் படிவத்தையும் 1982இல் ஆறாம் படிவத்தையும் எட்டி, 1983இல் பல்கலைக்கழகத்துள் நுழைந்தது. ஆங்கிலம் பயிற்றுமொழி என்னும் நிலையிலிருந்து ஒரு பாடம் என்னும் நிலைக்கு இறங்கியது. ஆங்கிலத்தின் வழியே வரலாறும் புவியியலும் கணக்கும் கற்பித்த ஆசிரியர்கள் அப்பாடங்களை மலாயில் கற்பிக்கப் பழகினர்.

தம் செலவில் இங்கிலாந்துக்கோ இந்தியாவுக்கோ சென்று கற்று அக்காலத்தில் மீண்டவர் புதியதொரு நிலையைக் கண்டனர். ஆங்கிலப் புலமை ஒன்றே அரசுப் பள்ளியின் கதவைத் திறக்கவில்லை. மலாய்மொழித் தேர்ச்சி, அரசு ஏற்கும் பட்டம், ஆசிரியப் பயிற்சிச் சான்று ஆகிய மூன்றும் வேண்டப்பட்டன. 1974 முதல் கல்விச் சேவை ஆணையம் அரசு ஆசிரியர் நியமனத்தைக் கவனித்தது. முந்தைய தலைமுறைக்கு அரசே அனுப்பி, அரசே ஏற்றது. பிந்தைய தலைமுறையோ தானே சென்றது, திரும்பித் தானே வழி தேடிற்று. தனியார் பள்ளிகளும் பிற்காலத்துத் தனியார் கல்லூரிகளும் அவர்களுள் பலருக்குப் புகலிடமாயின.

இம்மாற்றத்தைக் குறையென்று மட்டும் கூறுதல் பொருந்தாது. சிலருக்கே திறந்திருந்த இடைநிலைக் கல்வி, பொதுமொழியின் வழியே பலருக்கும் திறந்தது. தன் மொழியில் நாட்டை நடத்துவது விடுதலை பெற்ற மக்களின் உரிமை. ஆனால், ஒரு மொழியை உயர்த்தும்போது மற்றொரு மொழியைக் கற்பிக்கும் ஆற்றலைத் தேயவிடுதல் வேண்டாதது. அத்தேய்வை நாடு பின்னர் உணர்ந்தது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு உட்பட்டன. அத்திட்டத்தைக் கைவிட 2009இல் முடிவு செய்யப்பட்டது. அதற்கு ஈடாக ஆங்கிலத்தை வலுப்படுத்த வகுத்த திட்டத்தில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்களை மீண்டும் அமர்த்துதலும் வெளிநாட்டவரை வரவழைத்தலும் இடம்பெற்றன. முன்பு இங்கிலாந்துக்கு ஆசிரியரை அனுப்பிய நாடு, அரை நூற்றாண்டுக்குப் பின் ஆங்கிலம் பேசும் நாட்டவரைத் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டிகளாக அழைத்தது. வரலாற்றின் போக்கு வியப்புக்குரியதன்றோ!

இங்கே தமிழாசிரியரும் மாணவரும் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்ப்பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்க ஏற்றவர் யார்? பள்ளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப்பிள்ளை 'இஸ்கூல்' என்று ஒலிப்பது அறியாமையால் அன்று. சொல்லின் முதலில் இருமெய் இணைந்து நில்லாமை தமிழின் இயல்பு. மொழிமுதல் எழுத்துகளைத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. எனவே, பிள்ளையின் நா ஓர் உயிரெழுத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்வரும் சிறு அடைகளைத் தமிழ்ப்பிள்ளை விட்டுவிடுவதும், வினையை வாக்கியத்தின் இறுதியில் வைப்பதும் தாய்மொழியின் பழக்கமே. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இவற்றைப் பிழை என்று திருத்துவார்; இரு மொழியும் அறிந்தவர் இவற்றின் காரணம் கண்டு திருத்துவார். அயல்நாட்டுப் பயிற்சிக்கு ஒளியூட்டுவது உள்நாட்டு மொழியறிவே.

மலாக்காவின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாயின. புக்கிட் ரம்பாய் வட்டாரத்தில் தொழிற்பேட்டை அமைந்துள்ளது. தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பணிபுரியும் காலம் இது. நேர்முகத் தேர்வின் மேசைமுன் அமரும் அவர்களுக்கு ஆங்கிலம் அணிகலன் அன்று, வாழ்க்கைக் கருவி. அதனைத் தொடக்கத்திலேயே செம்மையாகக் கற்பிக்கும் பொறுப்பு தமிழ்ப்பள்ளியில் இருக்கிறது.

கடல் கடந்து கற்று வருவோர் இனியும் இருப்பர். மொழிக்கொள்கை மாறும், நியமன விதி மாறும், ஒரு காலத்தில் மாலையிட்டு வரவேற்ற வாயில் மற்றொரு காலத்தில் தாழிடப்பட்டிருக்கும். ஆனால், ஆசிரியரை நாடும் பிள்ளையின் தேவை மாறுவதில்லை. கிர்க்பி கற்றுத் தந்த பாடம் இதுவே: ஆசிரியரைத் திட்டமிட்டு உருவாக்கிய நாடு அவருக்குரிய இடத்தையும் திட்டமிட்டு வைத்திருந்தது. அத்திட்டத்தின் எல்லைக்குள் தோட்டத்து வகுப்பறை முழுமையாக இடம்பெறாதது அக்காலத்தின் குறை. அக்குறையை நிறைவு செய்தல், கற்று வருவோரும் அவரை அமர்த்துவோரும் இனி ஆற்ற வேண்டிய கடமையாகும்.