விலையோலையும் கிரயப் பத்திரமும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடதிசையை நோக்கினால், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே திருவரங்கத் தீவு தெரியும். அரங்கன் கோயிலின் திருச்சுற்றுகள் ஏழு. அவற்றுள் வெளிச்சுற்றுகளாகிய உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியவற்றில் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அங்கேயோ, தென்கரையில் உறையூரிலோ, பொன்மலையிலோ சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கவேண்டும் என்பது இவ்வூரில் உழைத்துப் பொருளீட்டும் எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாள் எண்ணமாகும். "வீடு என்ன விலை?" என்று கேட்கிறோம். கிடைக்கும் விடை முழு விடையன்று. வீட்டினுள் அடி வைக்குமுன்பே, விலைக்கு மேல் கொடுக்கவேண்டிய தொகைகள் பல உண்டு. அவை எவ்வாறு தோன்றின, எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகின்றன என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

திருவரங்கக் கோயிலில் 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள்ளும், தமிழ்நாட்டின் பிற கோயிற் கல்வெட்டுகளுள்ளும், நிலம் கைம்மாறியதைக் கூறுவன பல. சோழர் காலத்தில் நிலம் விற்றவர் எழுதிக் கொடுத்த ஆவணத்தை விலையோலை என்றும் விலை ஆவணம் என்றும் வழங்கினர். அதில் முதலில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு எல்லைகளும் குறிக்கப்படும். மேலே வளரும் மரம், கீழே தோண்டிய கிணறு, உடும்பு ஓடும் இடம், ஆமை தவழும் இடம் என அந்நிலத்தில் அடங்கிய யாவும் விற்கப்பட்டமை கூறப்படும். விலைப்பொருள் ஆவணக்களியில், அதாவது ஆவணங்களை நிறைவேற்றும் இடத்தில், முழுவதும் பெறப்பட்டது என்றும், பணம் செலுத்தியதற்கு இதுவன்றி வேறு ஓலை காட்ட வேண்டுவதில்லை என்றும் விற்றவர் உறுதி கூறுவார். சாட்சிகள் கையெழுத்திடுவர். எழுத அறியாதவரைத் தற்குறி என்றனர். அவருக்காக மற்றொருவர் கையெழுத்திடுவார்.

அக்காலத்தும் விலை ஒன்றே செலவாக இருக்கவில்லை. நிலம் உள்ளவரை இறை, அதாவது வரி, இருந்தது. கோயிலுக்கென நிலம் வாங்குவோர் பலர், விலையோடு மற்றொரு தொகையையும் ஊர்ச்சபையிடம் முன்னதாகவே செலுத்தினர். அத்தொகையின் பலிசை, அதாவது வட்டி, கொண்டு ஆண்டுதோறும் இறையைச் சபையே செலுத்திவிடும். நிலம் இறையிலியாக நிற்கும். பின்னர் வரக்கூடிய தொல்லையை முன்னரே பொருள் கொடுத்து நீக்கிக்கொள்வது நம் நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு இது சான்றாகும்.

இன்று நாம் செலுத்தும் முத்திரைத் தீர்வையின் தோற்றம் வேறு. அது 1624-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 1694-இல், பிரான்சோடு நடந்த போருக்குப் பொருள் திரட்ட இங்கிலாந்து அதை மேற்கொண்டது. 1765-இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் மீது அதைச் சுமத்த முயன்று, கடும் எதிர்ப்பு எழவே, அடுத்த ஆண்டே கைவிட்டது. ஆயினும் கிழக்கிந்தியக் கம்பெனி 1797-இல் வங்காளத்தில் அத்தீர்வையைப் புகுத்தியது. திருச்சிராப்பள்ளி 1801-இல், கருநாடகப் பகுதிகளோடு, கம்பெனியின் ஆட்சிக்கு உட்பட்டது. பிற்காலத்தில் இயற்றப்பட்ட 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமுமே இங்கு நிலவிற்பனைக்கு அடிப்படையாயின. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையும் வீட்டையும் பதிவு செய்த பத்திரத்தாலன்றி விற்றல் செல்லாது என 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் விதித்தது. சோழர் காலத்து ஆவணக்களியின் பணியைச் சார்பதிவாளர் அலுவலகம் ஏற்றது.

இனி, ஒரு கணக்கைப் பார்ப்போம். நிலத்தோடு கூடிய பழைய வீடொன்றின் விலை 30 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 5. உள்ளாட்சி மன்றங்களுக்குச் சேரும் சொத்து மாற்று வரி நூற்றுக்கு 2. பதிவுக் கட்டணம், 2023-இல் குறைக்கப்பட்டபடி, நூற்றுக்கு 2. ஆக நூற்றுக்கு 9, அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அரசு குறித்த வழிகாட்டி மதிப்பு விலையினும் மிகுதியாயின், கணக்கு அம்மதிப்பின் மீதே அமையும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்து வாங்கினால், பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு 1 குறையும் என்பது 2025 ஏப்ரல் முதல் வந்த சலுகை.

வங்கிக் கடன் இருக்கிறதே என்பர். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் சொத்து மதிப்பில் நூற்றுக்கு 90-ஐத் தாண்டலாகாது. எனவே 3 லட்சம் நம் கையிலிருந்து வரவேண்டும். 10 லட்சத்திற்கு மேற்பட்ட வீடாயின், முத்திரை, பதிவுச் செலவுகளை மதிப்போடு சேர்த்துக் கடன் கணக்கிடவும் விதி இடந்தரவில்லை. ஆகவே இக்குடும்பம் குறைந்தது 5 லட்சத்து 70 ஆயிரம் ரூபாயை முன்னதாகவே சேர்த்திருத்தல் வேண்டும். வழக்கறிஞர் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி, வங்கியின் கட்டணங்கள், தரகு, பழுது பார்க்கும் செலவு ஆகியன இதற்கு மேல். இதை அறியாமல் அச்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு நகையை அடகு வைப்போர் பலர்.

இச்செலவைக் குறைக்கக் குறுக்குவழி தேடுவோரும் உண்டு. பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுவதைத் தடுக்க, 1967-இலேயே முத்திரைச் சட்டத்தில் சென்னை மாநிலம் திருத்தம் செய்தது. கிரயம் செய்யாமல் பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் பெற்றுக்கொள்வதால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. சேமித்ததாக எண்ணிய சில ஆயிரத்திற்காக வீட்டையே இழக்க நேரிடும்.

திருவரங்கத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. மேலே உள்ள கட்டடம் ஒருவருடையதாகவும், அது நிற்கும் அடிமனை கோயிலுடையதாகவும் இருத்தல் கூடும். எந்த அடிமனை யாருக்குரியது என்பது இவ்வூரில் நெடுங்காலமாக நிலவும் வழக்கு. இந்து சமய அறநிலைய ஆணையரின் ஒப்புதலின்றிக் கோயில் நிலத்தை விற்றால் அவ்விற்பனை செல்லாது என்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை அறிந்தவரிடம் காட்டி ஆராய்வதற்கு ஆகும் சிறு செலவே எல்லாவற்றிலும் முதற் செலவாதல் வேண்டும். அச்சாரம் அதற்குப் பின்னரே.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் பழைய கிரயப் பத்திரம் இருந்தால், பெரியோரின் இசைவு பெற்று அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். நான்கு எல்லைகளும், பணம் முழுவதும் பெற்றமைக்கான உறுதிமொழியும், சாட்சிகளின் கையெழுத்தும் அதில் இருக்கும். கல்லில் வெட்டிய விலையோலையின் வடிவம் அதில் இன்றும் தொடர்வதைக் காண்பீர்கள். விலை வீட்டிற்காகக் கொடுப்பது. அதற்கு மேல் கொடுக்கும் தொகையில் அரசுக்குரிய வரியும் உண்டு. ஆயினும், அவ்வீடு நம்முடையது என்று நாளை எவர்முன்னும் நிறுவுவதற்குரிய சான்று அத்தொகையைச் செலுத்தினாலன்றிக் கிடைப்பதில்லை. வீடு வாங்க எண்ணுவோர் இரண்டையும் கூட்டியே விலையெனக் கொள்ளல் வேண்டும்.